காலால் திறக்கும் குப்பைத் தொட்டி

உங்கள் வீட்டுச் சமையலறையில் சிங்குக்குப் பக்கத்தில் ஒரு குப்பைத் தொட்டி இருக்கிறதா? அதன் அடியில் சிறிய மிதி ஒன்று இருக்கிறதா? காலால் மிதித்தால் மூடி 'டபக்'கென்று திறக்கும். காலை எடுத்தால் தானே மூடிக்கொள்ளும். அம்மா இரண்டு கைகளிலும் வாழைக்காய்த் தோலை அள்ளிக்கொண்டு வந்தாலும் கவலை இல்லை. மூடியைக் கையால் தொடவே வேண்டாம்.

அந்தத் தொட்டி எப்படி வந்தது என்று என்றாவது யோசித்திருக்கிறீர்களா? அதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அமெரிக்காவைச் சேர்ந்த ஒரு பெண்மணியின் பெயரைச் சொல்வார்கள். அவர் 11 பிள்ளைகளை வளர்த்த தாய், பொறியியல் பேராசிரியர். ஆனால், அவருக்குச் சமையல் சரியாக வராது! வேடிக்கையாக இருக்கிறதல்லவா? அவர்தான் லில்லியன் கில்பிரெத். அவருடைய கதையைக் கேளுங்கள்.

கூச்சம் மிகுந்த சிறுமி

1878ஆம் ஆண்டு மே 24ஆம் தேதி, கலிஃபோர்னியா மாநிலத்தில் உள்ள ஓக்லாந்து நகரில் லில்லியன் பிறந்தார். வசதியான குடும்பம். தம்பி, தங்கைகள் நிறையப் பேர். மூத்தவர் என்பதால் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு சின்ன வயதிலேயே அவருக்கு வந்துவிட்டது.

லில்லியனுக்குக் கூச்சம் அதிகம். புதியவர்களைக் கண்டால் பேசவே மாட்டார். அதனால் ஒன்பது வயது வரை வீட்டிலேயே பாடம் படித்தார். பிறகுதான் பள்ளிக்குப் போனார். போன பிறகு படிப்பில் அவரை மிஞ்ச ஆளில்லை.

பள்ளிப் படிப்பு முடிந்தது. கல்லூரிக்குப் போக ஆசைப்பட்டார். அப்பா சம்மதிக்கவில்லை. வசதியான வீட்டுப் பெண்ணுக்குக் கல்லூரிப் படிப்பு எதற்கு என்பது அந்தக் காலத்துப் பெரியவர்களின் எண்ணம். லில்லியன் சண்டை போடவில்லை. சாப்பிடாமல் அடம் பிடிக்கவும் இல்லை. ஓர் ஆண்டு மட்டும் போய்ப் பார்க்கிறேன் என்று பொறுமையாகக் கேட்டார். அப்பா மனம் இளகினார். அந்த ஓர் ஆண்டில் லில்லியன் படித்த படிப்பைப் பார்த்த பிறகு, வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

1900ஆம் ஆண்டில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியப் பட்டம் பெற்றார். அந்தப் பட்டமளிப்பு விழா மேடையில் மாணவர்கள் சார்பில் பேசவும் அழைக்கப்பட்டார். அங்கே அப்படிப் பேசிய முதல் பெண் அவர்தான். பேசவே கூச்சப்பட்ட சிறுமி, ஆயிரம் பேர் நடுவில் நின்று பேசினாள் என்றால், முயற்சிக்கு எவ்வளவு பலன் பாருங்கள்!

செங்கல் அடுக்கியவர்

1904ஆம் ஆண்டில் லில்லியனுக்கும் பிராங்க் கில்பிரெத் என்பவருக்கும் திருமணம் நடந்தது. பிராங்க் கல்லூரிக்கே போகாதவர். கொத்தனார் வேலையில் தொடங்கிப் பெரிய கட்டட ஒப்பந்தக்காரராக உயர்ந்தவர்.

வேலை பழகும்போதே பிராங்க் ஒன்றைக் கவனித்தார். ஒவ்வொரு கொத்தனாரும் ஒவ்வொரு விதமாகச் செங்கல் வைக்கிறார். ஒவ்வொரு செங்கல்லுக்கும் தரை வரை குனிந்து நிமிர்கிறார். ஒரு நாளைக்கு எத்தனை முறை குனிய வேண்டும்! முதுகு என்ன ஆகும்? ஆகவே, செங்கல் இடுப்பு உயரத்திலேயே இருக்கும்படி ஒரு சாரத்தை அமைத்தார். ஒரு செங்கல்லை வைக்க 18 அசைவுகள் தேவைப்பட்டன. அவற்றை ஐந்துக்கும் குறைவாகச் சுருக்கினார். மணிக்கு 120 செங்கல் வைத்தவர் 350 செங்கல் வைத்தார். அதே கை, அதே செங்கல். வீண் அசைவு மட்டும் குறைந்தது.

கணவனும் மனைவியும் சேர்ந்து இதையே ஓர் ஆராய்ச்சியாக வளர்த்தார்கள். தொழிலாளர்கள் வேலை செய்வதைத் திரைப்படச் சுருளில் பதிவு செய்தார்கள். பக்கத்தில் ஒரு கடிகாரத்தையும் வைத்துப் படம் பிடித்தார்கள். எந்த அசைவுக்கு எவ்வளவு நேரம் என்று கணக்கிட்டார்கள். தேடுவது, எடுப்பது, பிடிப்பது, வைப்பது என்று கையின் வேலைகளைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்தார்கள். அந்தத் துண்டுக்கு 'தெர்ப்லிக்' என்று பெயர் வைத்தார்கள். அது என்ன பெயர் என்கிறீர்களா? ஆங்கிலத்தில் கில்பிரெத் என்பதைத் தலைகீழாக எழுதிப் பாருங்கள். கிட்டத்தட்ட அந்தப் பெயர்தான் வரும்!

பிராங்க் பார்த்தது வேகத்தை. லில்லியன் பார்த்தது மனிதரை. வேலை செய்பவருக்குக் களைப்பு ஏன் வருகிறது? சலிப்பு ஏன் வருகிறது? இவற்றைத் தெரிந்துகொள்ள மனவியல் படித்தார். 1915ஆம் ஆண்டில் பிரவுன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அப்போது வீட்டில் ஆறு குழந்தைகள்! அதற்கு முந்தைய ஆண்டு அவர் எழுதிய புத்தகம் வெளிவந்தது. அதில் அவருடைய முழுப்பெயர் இல்லை. முதலெழுத்துகள் மட்டுமே இருந்தன. எழுதியவர் பெண் என்று தெரிந்தால் வாங்க மாட்டார்களோ என்று பதிப்பாளருக்குப் பயம்.

பன்னிரண்டு பிள்ளைகளின் வீடு

அவர்களுக்குப் பிறந்து வளர்ந்த குழந்தைகள் 12 பேர். அதில் மேரி என்ற மகள் தொண்டை அடைப்பான் நோயால் சிறு வயதிலேயே இறந்துவிட்டாள். அந்தத் துயரம் பெற்றோர் மனதிலிருந்து கடைசி வரை போகவில்லை.

வீடே ஒரு சோதனைக்கூடம். வாரம் ஒரு முறை குடும்பக் கூட்டம் நடக்கும். யார் எந்த வேலை செய்வது என்று அங்கே முடிவாகும். குளியலறையில்கூட இசைத்தட்டுக் கருவி இருந்தது. பிள்ளைகள் பல் விளக்கும்போது பிரெஞ்சு, ஜெர்மன் பாடம் கேட்பார்கள்.

பிராங்க் தன் மேல்சட்டைப் பொத்தானைக் கீழிருந்து மேலாகப் போடுவார். மேலிருந்து கீழாகப் போட்டால் ஏழு விநாடி. கீழிருந்து மேலாகப் போட்டால் மூன்றே விநாடி என்பது அவர் கணக்கு. நாளைக் காலை பள்ளிச் சீருடை அணியும்போது நீங்களும் முயன்று பாருங்கள். ஒருமுறை இரண்டு கைகளிலும் இரண்டு சவரக் கத்திகளைப் பிடித்துச் சவரம் செய்தார். 44 விநாடி மிச்சம்! ஆனால் தொண்டையில் கீறிவிட்டது. கட்டுப் போட இரண்டு நிமிடம் செலவானது. அத்துடன் அந்த முறையைக் கைவிட்டுவிட்டார்.

இடி விழுந்த நாள்

1924ஆம் ஆண்டு ஜூன் 14. ஐரோப்பாவில் இரண்டு மாநாடுகளில் பேசுவதற்காகப் பிராங்க் புறப்படவிருந்த நேரம். ரயில் நிலையத்திலிருந்து மனைவியுடன் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். பேச்சு பாதியில் நின்றது. மாரடைப்பு. அங்கேயே உயிர் பிரிந்தது.

லில்லியனுக்கு அப்போது வயது 46. வீட்டில் 11 பிள்ளைகள். கடைக்குட்டிக்கு வயது இரண்டு. கையில் பெரிய சேமிப்பும் இல்லை. நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

லில்லியன் மூத்த பிள்ளைகளை அழைத்துப் பேசினார். தம்பி, தங்கைகளைப் பார்த்துக்கொள்வதாக அவர்கள் சொன்னார்கள். சில நாள்களிலேயே, கணவருக்குப் பதிலாக அவர் கப்பலேறினார். லண்டனிலும் பிராக் நகரிலும் நடந்த மாநாடுகளில் கலந்துகொண்டார். ஊர் திரும்பினால் அடுத்த இடி. பல தொழிற்சாலைகள் ஒப்பந்தத்தைத் தொடர விரும்பவில்லை. அத்தனை ஆண்டுகள் கணவருக்குச் சமமாக உழைத்தவர் அவர். ஆனாலும், தொழிற்சாலைக்கு யோசனை சொல்ல ஒரு பெண்ணா என்று தயங்கினார்கள்.

கதவுகள் மூடிக்கொண்டன. லில்லியன் மூடிய கதவுகளைத் தட்டிக்கொண்டே நிற்கவில்லை. ஒரு பெண் போனால் யாரும் தடுக்காத ஓர் இடம் இருந்ததே! அது சமையலறை. அதுவும் ஒரு வேலைக்கூடம்தானே என்று நினைத்தார். கொத்தனாரைவிட அதிக முறை குனிந்து நிமிர்பவர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்களுடைய களைப்பை யாருமே அளந்து பார்த்ததில்லை.

சமையலறை என்ற தொழிற்சாலை

முன்பே சொன்னேன் அல்லவா? லில்லியன் நன்றாகச் சமைப்பவர் அல்லர். அவர் வீட்டில் சமைக்க வேறு ஆள் இருந்தார். ஆகவே, தெரிந்ததுபோல் நடிக்காமல், தெரிந்தவர்களிடம் கேட்டார். ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்துக்காக 4,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் விசாரித்தார். அடுப்பு எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும், பாத்திரம் கழுவும் சிங்க் எவ்வளவு உயரத்தில் இருந்தால் முதுகு வலிக்காது என்று ஆராய்ந்தார். எல்லாருக்கும் ஒரே உயரம் பொருந்தாது. வேலை செய்பவரின் உயரத்துக்கு ஏற்பத்தான் மேடை இருக்க வேண்டும் என்று எடுத்துச் சொன்னார்.

1929ஆம் ஆண்டில், புரூக்ளின் பகுதியின் எரிவாயு நிறுவனம் ஒன்றுக்காக மாதிரிச் சமையலறை ஒன்றை வடிவமைத்தார். அடுப்பு, மேசை, குளிர்ப்பெட்டி, சிங்க் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. சக்கரம் வைத்த சிறு மேசையும் உண்டு. அங்கே ஒரு சோதனை. ஸ்ட்ராபெர்ரி பழம் வைத்த கேக் ஒன்று செய்ய வேண்டும். பழைய முறைச் சமையலறையில் அதற்கு 281 அடி எடுத்து வைத்து நடக்க வேண்டியிருந்தது. புதிய சமையலறையில் வெறும் 45 அடிதான்!

இனி நம் குப்பைத் தொட்டிக்கு வருவோம். காய் நறுக்கும்போது என்ன நடக்கிறது? கை முழுக்கத் தோல். தொட்டியின் மூடியைத் திறக்க ஒரு கையைக் காலி செய்ய வேண்டும். குனிய வேண்டும். அழுக்கு மூடியைத் தொட வேண்டும். மறுபடியும் கை கழுவ வேண்டும். எத்தனை வீண் அசைவுகள்! கைகளுக்கு வேலை இருக்கிறது. கால் சும்மாதானே நிற்கிறது? அந்த வேலையைக் காலிடம் கொடுத்துவிட்டால் போதும்.

அந்த மிதியில் நீங்கள் படித்த அறிவியல் பாடம் இருக்கிறது. மிதி என்பது ஒரு நெம்புகோல். முன் முனையை மிதித்தால் பின் முனை மேலே எழும்பும். அது, தொட்டியின் பின்புறம் நிற்கும் ஒரு கம்பியை மேலே தள்ளும். கம்பி மூடியின் கீல் அருகே முட்டும். கீலுக்குப் பக்கத்தில் கொஞ்சம் தள்ளினாலே மூடியின் மறு முனை நிறையத் தூக்கிக்கொள்ளும். கால் ஓர் அங்குலம் இறங்குகிறது. மூடி முழுவதும் திறக்கிறது.

குளிர்ப்பெட்டிக் கதவின் உள்பக்கத்தில் முட்டை, வெண்ணெய் வைக்கத் தட்டுகள் இருக்குமே, அந்த யோசனையும் லில்லியனுடையது என்றே சொல்கிறார்கள்.

ஏறத்தாழ இதே காலத்தில் அமெரிக்காவில் இன்னொருவரும் சமையலறைக் குப்பையைப் பற்றி யோசித்தார். விஸ்கான்சின் மாநிலம், ரசீன் நகரில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் ஜான் ஹேம்ஸ். 1927ஆம் ஆண்டில், சிங்குக்கு அடியில் பொருத்தும் இயந்திரம் ஒன்றை அவர் செய்தார். மிச்சம் மீதி உணவை அது பொடிப்பொடியாக அரைத்துத் தண்ணீரோடு சாக்கடைக் குழாயில் அனுப்பிவிடும். பல நாடுகளில் இப்போதும் இதைப் பொருத்துகிறார்கள். மிதித் தொட்டிக்கு மின்சாரமும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். அதனால்தான் அது ஏழை வீட்டுக்கும் வந்துவிட்டது.

ஓயாத உழைப்பு

லில்லியன் 11 பிள்ளைகளையும் கல்லூரிக்கு அனுப்பினார். 1935ஆம் ஆண்டில் பர்டியூ பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அங்கே பொறியியல் துறையில் பேராசிரியரான முதல் பெண் அவர்தான். ஒரு காலத்தில் கதவை மூடிய தொழில் உலகம், பிறகு அவரைத் தேடி வந்தது.

இதய நோயாளிகளும் உடல் ஊனமுற்றவர்களும் பிறர் தயவின்றிச் சமைக்கும்படி சமையலறைகளை வடிவமைத்தார். அவருடைய வேலைகளிலேயே என் மனதுக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஒருவருக்கு ஒரு வேலையைச் செய்துகொடுப்பது உதவி. அவரே செய்துகொள்ளும்படி வழி செய்வது அதைவிடப் பெரிய உதவி அல்லவா?

1948ஆம் ஆண்டில் அவருடைய மகனும் மகளும் தங்கள் வீட்டுக் கதையைப் புத்தகமாக எழுதினார்கள். அது திரைப்படமாகவும் வந்தது. 1965ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசியப் பொறியியல் கழகத்தின் முதல் பெண் உறுப்பினரானார். 1972ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் தேதி, 93ஆவது வயதில் மறைந்தார். 1984ஆம் ஆண்டில் அமெரிக்கா அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது.

குழந்தைகளே! இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை செய்யுங்கள். ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு சமையலறை ஓரத்தில் உட்காருங்கள். காலை உணவு தயாராவதற்குள் அம்மா எத்தனை அடி நடக்கிறார், எத்தனை முறை குனிகிறார் என்று எண்ணுங்கள். உப்பு ஜாடியை எங்கே மாற்றி வைத்தால் நடை குறையும்? குப்பைத் தொட்டியை எங்கே நகர்த்தினால் குனிவது குறையும்? அம்மாவிடமே கேட்டு, நீங்களே மாற்றி வையுங்கள். மறுநாளும் எண்ணுங்கள்.

எண்ணிக்கை குறைந்திருந்தால் உங்கள் வீட்டிலும் ஒரு குட்டி லில்லியன் இருக்கிறார் என்று பொருள். குறையாவிட்டால்? இருக்கவே இருக்கிறது இன்னொரு வழி. பாதி வேலையை நீங்கள் செய்துவிடுங்கள்!