பனிமலையில் விழித்திருந்தவர்

சிவனொளிபாத மலையின் உச்சியில் ஓர் இரவு விழித்திருந்து சூரியோதயம் கண்டவர்கள் நம் தோட்டங்களில் அநேகர் உளர். மார்கழி, தை மாதங்களில் இரத்தினபுரி வழியாகவோ அற்றன் வழியாகவோ ஏறி, பின்னிரவில் உச்சியை அடைந்து, கம்பளியைத் தலைவரை இழுத்துப் போர்த்துக்கொண்டு சுவரோரம் ஒடுங்கி அமர்ந்திருப்பார்கள். காற்றுச் சற்றுப் பலமாக வீசினாலும் பற்கள் கிட்டிக்கொள்ளும். கிழக்கு எப்போது வெளுக்கும் என்பதைத் தவிர வேறு நினைப்பே இராது. அம்மலையின் உயரம் 7,359 அடி. அதைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு உயரமுள்ள எவரெஸ்ட் மலையின் தோளிலே, படுக்கையும் அடுப்பும் இல்லாமல், ஒரு சிறு கூடாரத்தில் ஓர் இரவைக் கழித்து மீண்ட மனிதரின் வரலாறு இது. அவர் பெயர் டென்சிங் நோர்கே.

1953ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் அவரும் எட்மண்ட் ஹில்லரியும் எவரெஸ்ட் சிகரத்தில் நின்றதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அதற்கு முன் அவர் எத்தனை முறை அம்மலையிலிருந்து திரும்பி வந்தார், எத்தனை ஆண்டுகள் பிறர் சுமையைத் தோளில் சுமந்தார் என்பதை அறிந்தவர் குறைவு. அதுவே நாம் அறிய வேண்டிய பகுதி என்பது என் எண்ணம்.

டென்சிங் 1914ஆம் ஆண்டில் பிறந்தவர் என்பர். பிறந்த இடம் நேபாளத்துக் கும்பு நாடா, எல்லைக்கு அப்பாலுள்ள திபெத்தா என்பதில் கருத்து வேற்றுமை உண்டு. தந்தை எருமையை ஒத்த யாக் என்னும் மலைமாடுகளை மேய்த்தவர். பதின்மூன்று பிள்ளைகளில் இவர் பதினோராவது பிள்ளை. அவர்களுள் பலர் இளமையிலேயே இறந்துபோயினர். பெற்றோர் இட்ட பெயர் நம்கியால் வாங்டி. பின்னர் ஒரு லாமாவின் சொற்படி பெயரை மாற்றினார்கள். துறவியாக்கும் எண்ணத்துடன் சிறுவனைத் தெங்போச்சே மடத்துக்கு அனுப்பினர். அவ்வாழ்க்கை அவருக்கு ஒட்டவில்லை, வீடு திரும்பிவிட்டார்.

பதினெட்டு வயதளவில் வீட்டைவிட்டு டார்ஜீலிங்குக்குப் போனார். அவ்வூரும் நம் மலைநாட்டைப் போன்று தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்தது. வெள்ளைக்காரர் இமயமலை ஏறுவதற்கு அங்கிருந்தே சுமை தூக்கும் ஆட்களைத் திரட்டுவார்கள். நம் தோட்டங்களில் முன்னாளில் கங்காணி ஆள் சேர்த்ததுபோல், அங்கே சர்தார் என்ற தலைமையாள் ஒருவர் ஷெர்ப்பாக்களைச் சேர்ப்பார். 1933இல் டென்சிங் வேலை கேட்டுப் போனார், எடுக்கவில்லை. 1935இல் எரிக் ஷிப்டன் என்பவர் கடைசி நேரத்தில் இவரையும் சேர்த்துக்கொண்டார். இளைஞனின் புன்னகைதான் காரணம் என்று பின்னாளில் சொல்வதுண்டு. நாட்கூலி பன்னிரண்டு அணா. பனிக்கோட்டுக்கு மேலே போனால் ஒரு ரூபாய். நாலணாதான் பனிக்கும் புயலுக்கும் விலை!

1936இலும் 1938இலும் மீண்டும் எவரெஸ்டுக்குச் சுமை தூக்கினார். 1938இல் 27,000 அடிக்கு மேல் சுமை கொண்டுசென்றதற்காக அவருக்குப் புலி என்னும் பதக்கம் கிடைத்தது. ஆயினும் பதக்கம் அடுப்பெரிக்காது. போர்க்காலத்தில் மலையேற்றங்கள் நின்றன. இன்று பாகிஸ்தானிலுள்ள சித்ராலில் இராணுவ அதிகாரிகளிடம் ஊழியம் பார்த்தார். அங்கே 1944இல் முதல் மனைவி தாவா புத்தி இறந்தார். இரு பெண் குழந்தைகளுடன் டார்ஜீலிங் திரும்பி ஆங் லாமு என்ற பெண்ணை மணந்தார். வேலையற்ற நாட்களில் அந்த அம்மையார் ஆயா வேலை செய்தே குடும்பத்தைக் காத்தார். இமயத்தின் கதையைச் சொல்பவர்கள் இந்த அம்மையாரைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

டென்சிங்கின் வாழ்வில் முதன்முறையாக அவர் மேலே போக மறுத்தது 1950ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில். மூன்று ஆங்கிலேய இளைஞர்கள் நங்கபர்வதத்தில் பனிக்காலத்தின் நிலையை ஆராய விரும்பினர். அந்த மலை ஷெர்ப்பாக்களின் இடுகாடு. 1934இல் அங்கே புயலில் சிக்கி ஆறு ஷெர்ப்பாக்கள் மடிந்தனர். 1937இல் பனிச்சரிவு ஒன்பது ஷெர்ப்பாக்களைப் புதைத்தது. கூட வந்த ஷெர்ப்பாக்கள் மறுத்தனர். டென்சிங்கும் வேண்டாமென்று எடுத்துச் சொன்னார். கேட்கவில்லை. மூவரும் தாமே ஏறினர். ஒருவர் குளிரில் கால் மரத்துத் திரும்பினார். தார்ன்லி, கிரேஸ் என்ற மற்ற இருவரும் மேலே கூடாரமடித்துத் தங்கினர். கீழேயிருந்து தூரதரிசினி வழியாகப் பார்த்தால் கூடாரம் ஒரு புள்ளியாகத் தெரியும். ஓர் இரவு கழிந்து விடிந்தபோது அந்தப் புள்ளி அங்கே இல்லை. டென்சிங் தேடிப் போனார். முன்னே போக மறுத்தவர், தேடுவதற்கு மறுக்கவில்லை. புதைபனியில் வழி கிடைக்காமல் திரும்ப நேர்ந்தது. அந்த இருவரும் கிடைக்கவேயில்லை.

குளிர்காலப் புயலில் மலைமேல் தங்குவது யாது என்பதை அன்று அவர் கண்ணால் கண்டார். இதை மனத்தில் வைத்துக்கொண்டு அடுத்த ஆண்டுகளைப் பார்க்க வேண்டும்.

1952ஆம் ஆண்டு வசந்தத்தில் சுவிட்சர்லாந்து நாட்டார் எவரெஸ்டுக்கு வந்தனர். அவர்கள் டென்சிங்கைச் சர்தாராக மட்டும் வைத்திருக்கவில்லை. தம்முடன் ஏறும் தோழராகவும் ஏற்றனர். சுமை தூக்கியவரின் நிலை முதன்முதல் மாறியது இங்கேதான். அவருக்குத் துணையாகக் கயிற்றின் மறுமுனையில் இணைந்தவர் ரேமண்ட் லாம்பேர் என்ற பேருருவமுள்ள மனிதர். ஆல்ப்ஸ் மலையில் ஒரு பனிக்காலப் புயலில் அகப்பட்டுத் தம் கால்விரல்கள் அனைத்தையும் இழந்தவர். ஒருவர் மொழி மற்றவருக்குச் சரிவரத் தெரியாது. கையும் முகமுமே பேசின.

மே 27ஆம் நாள் அவ்விருவரும், ஃபுளோரி, ஓபேர் என்ற வேறிருவரும் தென்கிழக்கு முகட்டில் ஏறிச் சுமார் 27,500 அடி உயரத்தை அடைந்தனர். சிகரத்தை முயல்வதென்று முன்னரே தீர்மானித்திருக்கவில்லை. வானம் தெளிந்திருந்தது. இருவர் தங்கினால் மறுநாள் முயலலாம் என்று தோன்றியது. கையிலிருந்தது ஒரே கூடாரம். உறங்கும் பை இல்லை, அடுப்பும் இல்லை, உணவும் சொற்பம். இருவருக்கு இடமென்றால் மற்ற இருவர் இறங்கவேண்டும். ஃபுளோரியும் ஓபேரும் இறங்கினர். அந்தத் தியாகத்தையும் நாம் குறித்துக்கொள்ளல் வேண்டும்.

அன்றிரவு அவர்கள் உறங்கவில்லை. உறங்கினால் விறைத்துப் போவார்கள். ஒருவர் உடம்பை ஒருவர் அடித்தும் தேய்த்தும் இரத்தத்தை ஓடச்செய்தனர். தாகம் நாவை வறட்டியது. சுற்றிலும் பனிக்கட்டி மலைபோற் கிடந்தும் குடிக்க ஒரு மிடறு நீரில்லை! வெறுந்தகரம் ஒன்றில் பனிக்கட்டியைப் போட்டு, ஒரு மெழுகுவர்த்திச் சுடரில் உருக்கி நாவை நனைத்துக்கொண்டனர். லாம்பேரின் கால்களுக்கு என்ன ஆகுமோ என்று டென்சிங் கவலைப்பட்டார். தமக்கு விறைப்பதற்கு விரலே இல்லை, உமது விரலைப் பார்த்துக்கொள்ளும் என்ற கருத்தில் லாம்பேர் வேடிக்கையாக உணர்த்தினாராம்.

விடிந்ததும் புறப்பட்டனர். அவர்கள் கொண்டுசென்ற பிராணவாயுக் கருவி, நின்று இளைப்பாறும்போது மட்டுமே பயன்பட்டது. நடக்கும்போது அதில் மூச்சிழுப்பது கடினம். மூன்று அடி நடப்பதும் நிற்பதும், சிலவேளை நாலுகாலில் தவழ்வதுமாக ஐந்து மணி நேரத்துக்கு மேல் முயன்று சுமார் 200 மீற்றர் உயரமே ஏறினர். 28,200 அடி. அதுவரை மனிதர் அடைந்ததாக உறுதிப்பட்ட உயரங்களில் அதுவே மிகுதி. சிகரம் கண்ணுக்கெதிரே இருந்தது. போனால் போய்விடலாம், திரும்ப முடியாது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்து, வாதமின்றித் திரும்பினர். பின்வந்த வெற்றியைவிட இந்தத் திரும்புதலே அவர் வாழ்வில் பெரிது என்று எண்ணத் தோன்றுகிறது. நங்கபர்வதத்தில் மறைந்த அந்தப் புள்ளி அவர் நினைவில் எழுந்ததோ, யாரறிவார்.

அதே ஆண்டு மழைக்காலம் கழிந்தபின் சுவிசார் மீண்டும் வந்தனர். இம்முறை காலம் பகையாயிற்று. இமயத்தின் உச்சிகளின்மேல் மேற்கிலிருந்து பெருங்காற்று ஒன்று குளிர்காலம் முழுவதும் ஓடிக்கொண்டிருக்கும். மே மாத இறுதியில் பருவமழை நெருங்கும்போது அது வடக்கே விலகும். அந்தச் சில நாட்களே மலையேறுபவருக்குக் கிடைக்கும் தவணை. ஐப்பசி, கார்த்திகையில் காற்றுத் திரும்பிவிடும். ஒக்டோபர் 31ஆம் நாள் மேலேயிருந்து வீழ்ந்த பனிக்கட்டியால் மிங்மா டோர்ஜே என்ற ஷெர்ப்பா உயிரிழந்தார். நவம்பர் 19ஆம் நாள் டென்சிங், லாம்பேர் முதலியோர் 26,000 அடியளவில் உள்ள தென்கணவாயை அடைந்தனர். குளிர்காலம் அவர்களுக்கு முன்னரே அங்கு வந்துவிட்டிருந்தது. கூடாரத்தைக் காற்றுப் பிய்த்தெறியப் பார்த்தது. மறுநாள் சற்றுத் தூரம் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கிவிட்டனர். டென்சிங் உடல் மெலிந்து மலேரியா கண்டு, பாட்னா நகர மருத்துவமனையில் படுத்தார். லாம்பேர் தம் சிவப்புக் கழுத்துச் சால்வையை அவருக்கு நினைவாகக் கொடுத்துச் சென்றார்.

1953இல் ஜோன் ஹண்ட் தலைமையில் ஆங்கிலேயர் வந்தபோது டென்சிங்குக்கு வயது முப்பத்தொன்பது. நோய் தெளிந்து சில மாதங்களே ஆகியிருந்தன. காட்மாண்டு நகரில் ஷெர்ப்பாக்களைப் பிரிட்டிஷ் தூதரகத்தின் வண்டிக் கொட்டகையில் தங்கவைத்ததால் மனத்தாங்கல் எழுந்தது. சர்தார் என்ற முறையில் இருதரப்புக்கும் நடுவில் நின்றவர் டென்சிங். லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்த இக்கட்டு விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

மே 28ஆம் நாள் மாலை 27,900 அடி உயரத்தில் லோ, கிரெகரி, ஆங் நீமா ஆகியோர் சுமையை இறக்கிவைத்துக் கீழே சென்றனர். ஹில்லரியும் டென்சிங்கும் கல்லையும் பனியையும் தோண்டி, ஒன்றுக்கொன்று தாழ்வான இரு திட்டுகளாக இடம் செய்து கூடாரமடித்தனர். இம்முறை உறங்கும் பை இருந்தது, அடுப்பு இருந்தது, எலுமிச்சைச் சாறும் சூப்பும் இருந்தன. ஓராண்டுக்கு முன் மெழுகுவர்த்தியோடு கழித்த இரவின் பாடம் வீண்போகவில்லை. ஹில்லரி பாதணியைக் கழற்றி வைத்தார். காலையில் அது கல்லாய் உறைந்திருந்தது. டென்சிங் கழற்றவில்லை. வெப்பமானி பூச்சியத்துக்குக் கீழ் 27 பாகை காட்டியது. அதிகாலை நான்கு மணியளவில் வானம் தெளிந்தபோது டென்சிங் கீழே ஓரிடத்தைச் சுட்டிக் காட்டினார். 16,000 அடிக்குக் கீழே மங்கலாகத் தெரிந்தது தெங்போச்சே மடம், சிறுவயதில் துறவியாக அனுப்பப்பட்டு அவர் விட்டுவந்த அதே மடம்.

காலை 6:30 மணிக்குப் புறப்பட்டு 11:30 மணிக்குச் சிகரம் சேர்ந்தனர். டென்சிங்கின் கழுத்தில் லாம்பேரின் சிவப்புச் சால்வை இருந்தது. அம்மலை அவருக்குத் தெய்வத்தாய், சோமோலுங்மா. பனியைக் கிளறி இனிப்புகளையும் மகள் நீமா கொடுத்தனுப்பிய சிறு பென்சிலையும் வைத்தார். நாம் மலைச்சாமிக்குப் படைப்பதற்கும் இதற்கும் என்ன வேற்றுமை?

கீழே இறங்கியதும் புயல் வேறுவிதமாக வந்தது. நேபாளத்தவரா, இந்தியரா, முதலில் காலடி வைத்தவர் யார் என்று ஊரெல்லாம் வாதம். 1955இல் வெளிவந்த தம் வரலாற்று நூலில், ஹில்லரியே சில அடி முன்னே வைத்தவர் என்று டென்சிங் ஒளிக்காமல் கூறினார். எழுதத் தெரியாத அவர் பல மொழி பேசுவார். சொல்லச் சொல்லப் பிறர் எழுதிய நூல் அது. 1954 நவம்பரில் டார்ஜீலிங்கில் இமயமலை ஏற்றப் பயிற்சிக் கழகம் தொடங்கியபோது களப்பயிற்சித் தலைவரானார். அங்கே எத்தனையோ இளைஞர்களுக்குக் கயிறு கட்டக் கற்றுக்கொடுத்தார். 1986 மே 9ஆம் நாள் காலமானார். அக்கழகத்து நிலத்திலேயே அவருக்குத் தகனம் நடந்தது.

தம் மகன் ஜம்லிங் எவரெஸ்ட் ஏற விரும்பியபோது டென்சிங் இணங்கவில்லை. தாம் ஏறியது பிள்ளைகள் ஏறவேண்டியிராமல் படிப்பதற்காகவே என்பது அவர் கருத்து. தந்தை மறைந்து பத்தாண்டு கழித்து, 1996இல் மகன் அம்மலைக்குப் போனார். மே 10ஆம் நாள் எழுந்த புயலில் எண்மர் மாண்டனர். அப்போது கீழே கூடாரத்தில் காத்திருந்த ஜம்லிங், காற்று அடங்கிய பின் மே 23ஆம் நாள் சிகரம் சேர்ந்து, தாய் தந்தையர் படத்தை அங்கே பனியில் வைத்துவிட்டு இறங்கினார்.