ஹென்றி ஸ்டீல் ஆல்காட்

கர்னல் ஹென்றி ஸ்டீல் ஆல்காட் (ஆகஸ்ட் 2, 1832 – பெப்ரவரி 17, 1907) பிரம்மஞான சபையை நிறுவியவர்களுள் ஒருவரும் அதன் முதல் தலைவரும் ஆவார். இலங்கையின் பௌத்த மறுமலர்ச்சிக்கும், சென்னை அடையாற்றில் நூலகமும் பள்ளிகளும் தோன்றியதற்கும் இவர் காரணமானவர். 1882, 1883 ஆம் ஆண்டுகளில் இலங்கையிலும் இந்தியாவிலும் மருந்தின்றிக் கையால் தடவி நோய் தீர்ப்பவர் என்றும் பெயர் பெற்றிருந்தார்.

இளமை

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் உள்ள ஆரஞ்சு நகரில் பிறந்தார். வேளாண் அறிவியலில் பெயர் பெற்றுப் பின்னர் இதழியலில் ஈடுபட்டார். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது இராணுவக் கொள்முதல் மோசடிகளை விசாரித்தார். பின்பு நியூ யார்க்கில் வழக்கறிஞராகப் பணியாற்றினார். 1874 இல் பிளாவட்ஸ்கி அம்மையாரைச் சந்தித்தார். 1875 இல் இருவரும் வேறு சிலருடன் சேர்ந்து பிரம்மஞான சபையைத் தொடங்கினர். 1879 இல் இருவரும் மும்பை வந்தனர். 1882 டிசம்பரில் சபையின் தலைமையகம் அடையாற்றுக்கு மாற்றப்பட்டது.

மெஸ்மரிச சிகிச்சை

மனித உடலில் ஓடும் ஒருவகைக் காந்த ஆற்றலை ஒருவர் மற்றவருக்குச் செலுத்தி நோயைக் குணப்படுத்தலாம் என்பது 18 ஆம் நூற்றாண்டில் பிரான்சு மெஸ்மர் என்னும் மருத்துவர் கூறிய கொள்கை. இந்தியாவில் 1845 முதல் வங்காளத்தின் ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெயில் என்னும் மருத்துவர் இம்முறையால் நோயாளிகளை மயங்கச் செய்து அறுவை சிகிச்சை செய்து வந்தார்.

கொழும்புக்கு அருகே ஒரு கிணற்று நீர் நோய் தீர்ப்பதாகப் பரவிய செய்தி பௌத்தர்களை மதம் மாற்றிவிடும் என்று ஆல்காட் கவலையுற்றார். புத்தரின் பெயரால் நோய் தீர்க்கத் துறவிகள் எவரும் முன்வராததால், 1882 ஆகஸ்டில் காலியில் ஒரு பக்கவாத நோயாளியின் உடலைத் தாமே தடவி சிகிச்சை அளித்தார். நோயாளி தேறிய செய்தி பரவியதும் பெருங்கூட்டம் திரண்டது. நோயுற்ற இடத்தைத் தடவுதல், அதன்மேல் மூச்சைச் செலுத்துதல், கையால் ஆற்றல் ஏற்றியதாகக் கருதிய நீரைக் கொடுத்தல் ஆகியவை இவரது முறைகள். இதற்கு இவர் கட்டணம் பெறவில்லை.

1883 இல் வங்காளத்தில் மேற்கொண்ட பயணத்தில் ஏறத்தாழ 2,800 பேருக்கு சிகிச்சை அளித்ததாக இவரது நினைவுக் குறிப்புகள் தெரிவிக்கின்றன. அதே ஆண்டில் திருநெல்வேலி, மதுரை, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், கும்பகோணம் முதலிய ஊர்களுக்கும் சென்றார்.

எல்லோரும் குணமடையவில்லை. பார்வை திரும்பப் பெற்ற வங்காள வழக்கறிஞர் ஒருவருக்குச் சில மாதங்களில் பார்வை மீண்டும் மங்கியது. இதை ஆல்காட் மறைக்காமல் எழுதினார். ஓய்வற்ற உழைப்பால் இவரது இடக்கைச் சுட்டுவிரல் உணர்விழந்தது. 1883 இன் பிற்பகுதியில், தம் குருமார்களாகக் கருதிய மகாத்மாக்களின் கட்டளை எனக் கூறி, சிகிச்சையை நிறுத்தினார்.

மதிப்பீடு

மெஸ்மர் கூறிய ஆற்றல் இருப்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. 1784 இல் பிரான்சு மன்னர் அமைத்த குழுவில் பெஞ்சமின் பிராங்கிளினும் லவாய்சியரும் இடம்பெற்றனர். காந்தம் செலுத்தப்படுவதாக நம்பியவர்களிடமே விளைவு காணப்பட்டது என்றும், அறியாதவர்களிடம் காணப்படவில்லை என்றும் அக்குழு கண்டது. 1998 இல் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் வெளியான ஆய்வில், கைகளால் ஆற்றலை உணர்வதாகக் கூறிய 21 சிகிச்சையாளர்கள் திரைக்கு அப்பால் தம் எந்தக் கைக்கு அருகே மற்றொருவரின் கை உள்ளது எனக் கூறுமாறு கேட்கப்பட்டனர். 44 விழுக்காடு விடைகளே சரியாக இருந்தன; குருட்டாம்போக்கில் கூறினாலே 50 விழுக்காடு சரியாக அமையும்.

ஆயினும் நோயாளிகள் அடைந்த ஆறுதல் முழுவதும் பொய்யன்று. நம்பிக்கை, எதிர்பார்ப்பு, பரிவான தொடுகை ஆகியவை வலியையும் மன இறுக்கத்தையும் தணிக்கக்கூடும். மெஸ்மரிசத்திலிருந்து பிறந்த அறிதுயில் முறை இன்றும் வலி தணிப்பில் துணை சிகிச்சையாகப் பயன்படுகிறது. ஆனால் இவை நோயின் மூலத்தை நீக்குவதில்லை. எனவே மருத்துவ சிகிச்சைக்கு மாற்றாக இவற்றைக் கொள்ளலாகாது.

பிற பணிகளும் மறைவும்

இலங்கையில் பௌத்தப் பள்ளிகள் பல தோன்றத் துணை நின்றார். 1886 இல் அடையாறு நூலகத்தைத் தொடங்கினார். 1894 இல் ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்காக அடையாற்றில் இலவசப் பள்ளி ஒன்றை நிறுவினார். 1907 பெப்ரவரி 17 அன்று அடையாற்றில் காலமானார். அவருக்குப் பின் அன்னி பெசண்ட் சபையின் தலைவரானார்.