ஒற்றை விரல் ஜேம்ஸ் ஜேமர்சன்

இசைத்தட்டு ஒன்று லட்சக்கணக்கில் விற்கிறது. உறையில் பாடியவர் பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது. பாட்டு எழுதியவருக்கும், தயாரித்தவருக்கும், கம்பெனிக்கும் அதில் இடம் உண்டு. அந்தப் பாட்டை அடியில் நின்று தாங்கிய வாத்தியத்தை வாசித்தவர் யார் என்று தேடினால் மட்டும் ஒன்றும் அகப்படாது. அறுபது வருஷம் கழித்தும் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து, வாசித்தது இவர்தான், இல்லை அவர்தான் என்று வழக்காடிக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரிலிருந்து மோட்டவுன் என்ற கம்பெனி வெளியிட்ட பாட்டுகளைப் பற்றியது இந்த வழக்கு. வழக்கின் நடுவில் இருப்பவர் ஜேம்ஸ் ஜேமர்சன். அவர் 1983-லேயே கண்ணை மூடிவிட்டதால் வந்து சாட்சி சொல்ல வழியில்லை.

அவர் வாசித்தது பாஸ் கிடார். நான்கே கம்பிகள் உள்ள, அடித்தொண்டையில் பேசுகிற வாத்தியம் அது. பாட்டுக் கேட்கும்போது பலருக்கு அது தனியாகக் காதில் விழாது. அதை எடுத்துவிட்டால்தான் பாட்டு காலில்லாமல் நிற்பது தெரியும். ஜேமர்சனுக்கு முன்பு இந்த வாத்தியக்காரர்கள் பெரும்பாலும் தாளத்தோடு இரண்டு மூன்று சுரங்களைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருந்தார்கள். இவர் வந்துதான் அதைப் பாட வைத்தார்.

1936 ஜனவரி 29-ந் தேதி தென் கரோலினா மாநிலத்தில், சார்ல்ஸ்டன் நகரத்தை அடுத்த எடிஸ்டோ தீவுப் பக்கத்தில் பிறந்தவர். பருத்தி விளைந்த பூமி. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் வாழ்ந்த இடம். குச்சியில் ரப்பரை இழுத்துக் கட்டி, எறும்புப் புற்றில் நட்டு வைத்து மீட்டி, எறும்புகளை ஆட வைத்ததாகப் பிற்காலத்தில் தம் மகனிடம் சொல்லியிருக்கிறார். பெற்றோர் பிரிந்தார்கள். அந்த நாளில் தென் மாநிலங்களில் கறுப்பின மக்களுக்குக் கூலியும் குறைவு, மரியாதையும் கிடையாது. லட்சக்கணக்கான குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டு வடக்கே ரயிலேறின. டெட்ராய்டில் ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ், கிரைஸ்லர் என்று கார்த் தொழிற்சாலைகள் ஆள் எடுத்துக்கொண்டிருந்தன. ஜேமர்சனின் தாயாரும் அப்படிப் பிழைப்பு தேடி அங்கே போனவர்தான். 1950-களின் நடுவில் மகனும் போய்ச் சேர்ந்தார். ஊரை விட்டு வந்து, வந்த இடத்தில் வேலை, வீடு, உறவு எல்லாம் புதிதாகத் தேடுவது என்ன பாடு என்று இந்தப் பக்கத்தின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

டெட்ராய்டின் நார்த்வெஸ்டர்ன் உயர்நிலைப் பள்ளியில் கேட்பாரற்றுச் சாய்ந்து கிடந்த ஆளுயர டபுள் பாஸ் ஒன்று அவர் கைக்கு வந்தது. அதிலேயே பழகினார். படிக்கும்போதே திருமணம் ஆயிற்று. மனைவி பெயர் ஆனி. இரவு விடுதிகளில் ஜாஸ் வாசித்துச் சம்பாதித்தார். பிறகு மின்சார பாஸ் கிடாருக்கு மாறினார். ஃபெண்டர் கம்பெனியின் 1962-ம் வருஷத்து மாடல் ஒன்றைக் கடைசிவரை வைத்திருந்தார். அதற்கு ஃபங்க் மெஷின் என்று பெயர். கம்பி அறுந்தாலொழிய மாற்ற மாட்டார். கம்பியில் ஏறிய அழுக்குதான் ஒலியைப் பிடித்து வைக்கிறது என்பது அவர் கட்சி. கம்பிகளைப் பலகையிலிருந்து மிகவும் தூக்கி வைத்திருந்ததால் மற்றவர்கள் எடுத்து அழுத்தினால் விரல் நோகும். டபுள் பாஸில் உரமேறிய கை அவருக்குப் பொருட்டில்லை. அதோடு வலது கை ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டுமே மீட்டினார். கூட இருந்தவர்கள் அந்த விரலுக்குக் கொக்கி என்று பெயர் வைத்திருந்தார்கள்.

மோட்டவுன் கம்பெனியை 1959-ல் தொடங்கியவர் பெர்ரி கோர்டி. வீட்டார் சேர்த்து வைத்திருந்த குடும்ப நிதியிலிருந்து 800 டாலர் கடன் வாங்கித் தொடங்கினார். ஃபோர்டு கம்பெனியின் கார் பூட்டும் வரிசையில் வேலை பார்த்தவர் ஆகையால், பாட்டையும் அப்படியே உற்பத்தி செய்தார். வெஸ்ட் கிராண்ட் புலவார்டு என்ற வீதியில் 2648-ம் எண் வீடு. அதன் கார் ஷெட்தான் ஸ்டூடியோ. அந்தக் குழிக்குள் இரவு பகலாக ஷிப்ட் முறையில் வேலை நடந்தது. எர்ல் வான் டைக் பியானோ, பென்னி பெஞ்சமின் டிரம், ராபர்ட் ஒயிட், எடி வில்லிஸ், ஜோ மெசினா மூவரும் கிடார், ஜாக் ஆஷ்ஃபோர்டு கஞ்சிரா போன்ற டாம்பரின். பாஸ், ஜேமர்சன். தங்களுக்குள் ஃபங்க் பிரதர்ஸ் என்று பெயர் வைத்துக்கொண்டது இந்தக் கோஷ்டி.

பாடகர்கள் மாறி மாறி வருவார்கள். சுப்ரீம்ஸ், டெம்டேஷன்ஸ், ஃபோர் டாப்ஸ், மார்வின் கே, சிறுவன் ஸ்டீவி வொண்டர் எல்லோருக்கும் பின்னால் வாசித்தது இதே ஆட்கள்தான். இசையமைப்பாளர் கொடுக்கும் காகிதத்தில் பல சமயம் சுரக்கட்டுகளின் பெயர் மட்டுமே இருக்கும். அதற்குள் எப்படி நடப்பது என்பது ஜேமர்சன் பொறுப்பு. 'மை கேர்ள்' பாட்டின் தொடக்கத்தில் நெஞ்சு துடிப்பது போல வருகிறதே, அது அவர். 'ரீச் அவுட் ஐ வில் பி தேர்', 'பெர்னடெட்', 'ஐ வாஸ் மேட் டு லவ் ஹர்', 'ஃபார் ஒன்ஸ் இன் மை லைஃப்' என்று போகிறது பட்டியல். அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்த பாட்டுகள் பலவற்றில் அவர் கை இருக்கிறது. கடலுக்கு அப்பால் இங்கிலாந்தில் பீட்டில்ஸ் கோஷ்டியின் பால் மெக்கார்ட்னி இந்தத் தட்டுகளைக் கேட்டுத்தான் தம் வாசிப்பை வளர்த்துக்கொண்டார். யாரிடம் பாடம் கேட்கிறோம் என்று அன்றைக்கு அவருக்கும் பெயர் தெரியாது.

தெரியாததற்குக் காரணம், உறையில் பெயர் போடுவதில்லை. அந்தக் காலத்தில் பல கம்பெனிகளில் இதுதான் வழக்கம் என்றாலும், மோட்டவுன் தன் வாத்தியக்காரர்களைக் கண்ணில் காட்டாமல் வைத்திருந்ததற்கு ஒரு வியாபாரக் கணக்கும் இருந்திருக்கும் என்றே எனக்குப் படுகிறது. பெயர் தெரிந்தால் மற்றவன் கூப்பிடுவான். கூலி உயரும். முதலில் பாட்டுக்கு ஐந்து, பத்து டாலர் என்று இருந்தது, பிறகு வாரச் சம்பளம் ஆயிற்று. ஜேமர்சனுக்கு நல்ல சம்பளம்தான். ஆனால் வெளியே போய் வாசிக்கக் கூடாது என்பது விதி. அதை மீறித் திருட்டுத்தனமாகச் சிகாகோவுக்குப் போய் வாசித்துவிட்டு வருவார்கள். 1967-ல் ஜாக்கி வில்சன் பாடிய 'ஹயர் அண்ட் ஹயர்' அப்படி உருவானதுதான். பாட்டு கோடி கோடியாகச் சம்பாதித்தாலும் வாசித்தவருக்குப் பங்கு என்று எதுவும் கிடையாது. வேலை செய்த நேரத்துக்குக் கூலி, அதோடு சரி.

1971-ல் மார்வின் கே பாடிய 'வாட்ஸ் கோயிங் ஆன்' வெளிவந்தது. வியட்நாம் போர், வேலையில்லாத் திண்டாட்டம், தெருவில் போலீஸ் தடி இவற்றைப் பற்றிய தட்டு. அதன் தலைப்புப் பாட்டுக்கு வேறு எவரும் வேண்டாமென்று மார்வின் கே இரவில் விடுதி விடுதியாகத் தேடி ஜேமர்சனைப் பிடித்து வந்தார். அதற்குள் குடி அவரைப் பிடித்திருந்தது. ஸ்டூலில் உட்கார முடியாமல் தரையில் மல்லாந்து படுத்தபடியே வாசித்தார் என்று அங்கிருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். கேட்டுப் பார்த்தால் ஒரு சுரம்கூடத் தடுமாறவில்லை. மோட்டவுன் தட்டின் உறையில் வாத்தியக்காரர்கள் பெயர் வரிசையாக அச்சானது இதில்தான். கம்பெனி தொடங்கிப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது.

மறு வருஷமே கம்பெனி லாஸ் ஏஞ்சல்ஸுக்கு இடம் மாறியது. டெட்ராய்ட் ஆட்களைக் கூட்டி வைத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேலைக்கு வந்தவர்கள் ஸ்டூடியோ கதவில் அறிவிப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். ஆலை மூடிய ஊரில் இருந்தவர்களுக்கு அந்தக் கதவு எப்படி இருக்கும் என்று தெரியும். 1973-ல் ஜேமர்சனும் வேலையைத் தேடி லாஸ் ஏஞ்சல்ஸ் போனார். தாயார் தெற்கிலிருந்து வடக்கே வந்தார், மகன் வடக்கிலிருந்து மேற்கே போனார். அங்கே சில வருஷம் வேலை கிடைத்தது. 1976-ல் முதலிடம் பிடித்த 'பூகி ஃபீவர்' பாட்டில் பாஸ் அவருடையதே. ஆனால் காலம் மாறியிருந்தது. பளபளவென்று ஒலிக்கும் புதுக் கம்பி போடு, கட்டை விரலால் அடித்து வாசி என்றார்கள். அவர் ஒற்றை விரலையும் பழைய கம்பியையும் விடவில்லை. குடி, உடல்நலக் குறைவு, சொன்ன நேரத்துக்கு வராமை எல்லாம் சேர்ந்தன. கூப்பிடுகிறவர்கள் குறைந்தார்கள். இதில் முழுப் பழியையும் கம்பெனி மேல் போடுவது நியாயமில்லை. பாதியாவது பாட்டிலுக்குச் சேர வேண்டியது.

1983 மார்ச் மாதம் 25-ந் தேதி பாசடீனா நகர மண்டபத்தில் மோட்டவுன் வெள்ளிவிழா. மைக்கேல் ஜாக்சன் பின்னோக்கி நழுவும் நடையை முதன்முதலாக உலகத்துக்குக் காட்டிய விழா அது. பழைய பாடகர்கள் எல்லோரும் மேடையில். ஜேமர்சனுக்கு அழைப்பு இல்லை. வாசலில் பிளாக்கில் டிக்கெட் வாங்கிக்கொண்டு மாடிப் பால்கனியில் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தார். அந்த வருஷமே ஆகஸ்ட் 2-ந் தேதி, கல்லீரலும் நெஞ்சும் கெட்டு, நிமோனியாவும் சேர்ந்து இறந்துபோனார். வயது 47. இறப்பதற்குச் சில நாள் முன்பு ஃபங்க் மெஷின் வீட்டிலிருந்து திருடுபோயிற்று. அது மறுபடி அவர் கைக்கு வரவில்லை. டெட்ராய்ட் உட்லான் கல்லறையில் அடக்கம் செய்தார்கள்.

வழக்கு முற்றியது அதற்குப் பிறகுதான். 1989-ல் ஆலன் ஸ்லட்ஸ்கி என்பவர் அவர் வாழ்க்கையையும் வாசிப்பையும் ஆராய்ந்து ஒரு புத்தகம் போட்டார். அதில் ஜேமர்சனுடையவை என்று சொன்ன சில பாட்டுகளை, லாஸ் ஏஞ்சல்ஸில் தாம் வாசித்தவை என்று கரோல் கே என்ற அம்மையார் உரிமை கொண்டாடினார். அவரும் லேசானவர் அல்ல. பீச் பாய்ஸ் முதலிய எத்தனையோ கோஷ்டிகளுக்கு வாசித்த பெரிய கலைஞர். மோட்டவுன் 1960-களிலேயே லாஸ் ஏஞ்சல்ஸிலும் ஒலிப்பதிவு செய்துவந்தது என்பதும் உண்மை. ஆகவே அவர் மோட்டவுனுக்கு வாசிக்கவே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. எந்தெந்தப் பாட்டு என்பதில்தான் தகராறு. 'ஐ வாஸ் மேட் டு லவ் ஹர்', 'பெர்னடெட்' போன்றவற்றைத் தயாரித்தவர்கள், அவை டெட்ராய்டில் பதிவானவை, வாசித்தது ஜேமர்சன் என்று சொல்லிவிட்டார்கள். பல தடங்களாகப் பதிவான மூல நாடாக்களிலிருந்து பாஸை மட்டும் பிரித்துக் கேட்கும் வசதி வந்த பிறகு ரசிகர்கள் அதையும் வைத்து வாதிக்கிறார்கள். பழைய கம்பியின் மங்கல் ஒலி, திறந்த கம்பியைத் தொட்டுவிட்டு இறங்கும் பழக்கம், ஒற்றை விரலின் ஒரே சீரான எடை என்று அடையாளம் காட்டுகிறார்கள். எனக்கு அவர்கள் பக்கமே நியாயம் தெரிகிறது.

ரயில்வேயில் ஒரு சிக்னலைக் கீழே இறக்கினால்கூட யார், எத்தனை மணிக்கு என்று ரிஜிஸ்டரில் ஏறிவிடும். இந்த ஒலிப்பதிவுகளுக்கு அப்படி ஒழுங்கான ஏடு இல்லை. வாத்தியக்காரர் சங்கத்துக்குப் போக வேண்டிய படிவங்கள் பல நேரம் போகவில்லை. ஏடு இருந்திருந்தால் காதை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்லும் நிலை வந்திராது. 'வாட்ஸ் கோயிங் ஆன்' தட்டிலேயே பாஸ் வாசித்தவர்களாக ஜேமர்சன், பாப் பாபிட் இருவர் பெயரும் உண்டு. எந்தப் பாட்டு யாருடையது என்று பிரித்துப் போடாததால் அதையும் பிறகு விசாரித்துத்தான் தெரிந்துகொண்டார்கள். 'மெர்சி மெர்சி மீ' பாபிட் வாசித்தது.

ஜேமர்சனின் தோழர் ராபர்ட் ஒயிட் பற்றி ஒரு செய்தி. 'மை கேர்ள்' பாட்டில் ஏணிப்படி ஏறுவது போல வரும் கிடார் அவருடையது. பிற்காலத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் ஓட்டல் ஒன்றில் உட்கார்ந்திருந்தபோது அந்தப் பாட்டு ஒலித்தது. பரிமாற வந்தவரிடம் இது நான் வாசித்தது என்று சொல்ல வாயெடுத்தவர், கிழவன் உளறுகிறான் என்று நினைப்பானே என்று நிறுத்திக்கொண்டு சாப்பாட்டுக்கு ஆர்டர் கொடுத்தாராம். அவர் 1994-ல் காலமானார்.

ஸ்லட்ஸ்கியின் புத்தகத்தையொட்டி 2002-ல், உயிரோடிருந்த ஃபங்க் பிரதர்ஸ்களை மேடையேற்றி ஒரு திரைப்படம் வந்தது. அதற்கு இரண்டு வருஷம் முன்பே, 2000-ல், கிளீவ்லாந்தில் உள்ள ராக் அண்ட் ரோல் கௌரவ மண்டபம் பின்வாத்தியக்காரர்களுக்கென்று புதிதாக ஒரு பிரிவைத் திறந்தது. முதல் வருஷம் சேர்த்துக்கொண்ட ஐந்து பேரில் ஜேமர்சன் ஒருவர். வெஸ்ட் கிராண்ட் புலவார்டு வீடு இப்போது காட்சியகம். கார் ஷெட் ஸ்டூடியோவில் இறங்கிப் பார்க்க உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு வருகிறார்கள்.