வேதநாயகம் சாமுவேல் அசரியா

வேதநாயகம் சாமுவேல் அசரியா (ஆகஸ்ட் 17, 1874 – ஜனவரி 1, 1945) ஆங்கிலிக்கன் திருச்சபையில் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்ட முதல் இந்தியர் ஆவார். திருநெல்வேலிச் சீமையின் சிற்றூர் ஒன்றில் குருவானவரின் மகனாகப் பிறந்த இவர், ஐதராபாத் நிசாமின் ஆட்சிப் பகுதியில் அடங்கியிருந்த தோர்ணக்கல் என்னும் ஊரைத் தலைமையிடமாகக் கொண்டு 32 ஆண்டுகள் பேராயராகப் பணியாற்றினார். இந்திய மிஷனெரி சங்கம், தேசிய மிஷனெரி சங்கம் ஆகியவற்றை நிறுவியவர்களுள் ஒருவர். 1947 இல் உருவான தென்னிந்தியத் திருச்சபைக்கு வழிகோலியவர்களுள் முதன்மையானவராகவும் மதிக்கப்படுகின்றார்.

இளமையும் கல்வியும்

அசரியா, இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ள வெள்ளாளன்விளையில் பிறந்தார். தந்தை தாமஸ் வேதநாயகம் இந்து சமயத்திலிருந்து கிறித்தவத்திற்கு மாறியவர். அவ்வூரின் குருவானவராக இருந்தார். தாய் எலன். பல ஆண்டுகள் ஆண் மகவு வேண்டிக் காத்திருந்து பெற்ற பிள்ளையாதலால், விவிலியக் கதையை ஒட்டிச் சாமுவேல் என்று பெயரிட்டனர். இளமையிலேயே தந்தையை இழந்த இவரைத் தாயார் மிகுந்த கண்டிப்புடன் வளர்த்தார்.

மெய்ஞ்ஞானபுரத்திலும் திருநெல்வேலியிலும் பயின்றபின் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் சேர்ந்தார். இறுதித் தேர்வு வேளையில் நோயுற்றதால் பட்டம் பெறவில்லை. பின்னரும் அத்தேர்வை எழுதவில்லை. பிற்காலத்தில், 1920 இல், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் இவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. கல்லூரி நாள்களில் சேலத்தைச் சேர்ந்த கே. டி. பால் இவருக்கு நண்பரானார். ஓசூர், கிருஷ்ணகிரி, தேன்கனிக்கோட்டை, ஜவளகிரி முதலிய ஊர்களும் அடங்கியிருந்த அன்றைய சேலம் மாவட்டத்திலிருந்து அனைத்திந்திய அளவில் அறியப்பட்ட கிறித்தவத் தலைவர் பால். பிற்காலத்தில் ஒய்.எம்.சி.ஏ.யின் தேசியப் பொதுச் செயலாளராகப் பொறுப்பேற்ற முதல் இந்தியரும் அவரே.

1895 முதல் 1909 வரை அசரியா ஒய்.எம்.சி.ஏ.யில் பணியாற்றினார். அங்கு உடன் பணியாற்றிய அமெரிக்கரான ஷெர்வுட் எடியுடன் ஏற்பட்ட நட்பு வாழ்நாள் முழுதும் நீடித்தது. 1898 இல் அன்பு மரியம்மாளை மணந்தார். தென்னிந்தியக் கிறித்தவப் பெண்களுள் கல்லூரிக் கல்வி பெற்ற முதல் சிலரில் அன்பு ஒருவர். இவர்களுக்கு நான்கு மகன்களும் இரண்டு மகள்களும் பிறந்தனர்.

மிஷனெரி சங்கங்கள்

1902 இல் யாழ்ப்பாணம் சென்ற அசரியா, அங்குள்ள தமிழ்க் கிறித்தவர்கள் தம் பொருளைக் கொண்டே வெளியிடங்களுக்கு நற்செய்திப் பணியாளரை அனுப்பி வந்ததைக் கண்டார். நூறாண்டுக்கு மேலான வரலாறும் பெருந்தொகையான மக்களும் கொண்ட திருநெல்வேலித் திருச்சபை அவ்வாறு ஒருவரையும் அனுப்பாதிருந்தது அவருக்கு உறுத்தியது. அதன் பயனாக 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தோற்றுவிக்கப்பட்டது. இந்தியப் பணம், இந்தியப் பணியாளர், இந்திய நிருவாகம் என்பது அதன் கொள்கை. மேலைநாட்டுச் சங்கங்கள் அதிகம் சென்றிராத தோர்ணக்கல் பகுதி பணிக்களமாகத் தெரிந்தெடுக்கப்பட்டது. தமிழருக்கு அது மொழியாலும் அயல்நாடுதான்.

1905 டிசம்பர் 25 அன்று வங்காளத்தின் செராம்பூரில், வில்லியம் கேரியின் நூலகத்தில் கூடியவர்கள் தேசிய மிஷனெரி சங்கத்தை நிறுவினர். அசரியா அதன் பொதுச் செயலாளரானார். அவருக்குப் பின் அப்பொறுப்பை ஏற்றவர் கே. டி. பால். 1907 இல் டோக்கியோவில் நடந்த உலகக் கிறித்தவ மாணவர் மாநாட்டிலும் அசரியா கலந்து கொண்டார்.

பிறரை மிஷனெரிகளாகச் செல்லுமாறு ஊர் ஊராகப் பேசிவந்தவர், தாம் செல்லாதிருப்பது தகுமா என்ற கேள்வியை எதிர்கொள்ள வேண்டியிருந்தது. 1909 இல் ஒய்.எம்.சி.ஏ. பொறுப்பைத் துறந்து குருப்பட்டம் பெற்று, குடும்பத்துடன் தோர்ணக்கல் சென்றார். தெலுங்கு கற்று அம்மொழியிலேயே போதித்தார்.

எடின்பரோ உரை

1910 இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் 1,200க்கும் மேற்பட்ட பேராளர்கள் கலந்து கொண்டனர். அவர்களுள் ஆசியர் ஏறத்தாழ இருபது பேரே. அயல்நாட்டு, உள்நாட்டு ஊழியரிடையே நிலவும் உறவைப் பற்றி அசரியா அங்கு உரையாற்றினார். பொதுவான வரவேற்புரையை எதிர்பார்த்தோருக்கு அவ்வுரை அதிர்ச்சியளித்தது. ஊதியம் கொடுப்பவர், ஊதியம் பெறுபவர் என்ற அளவிலேயே உறவு நின்றுவிட்டதையும், பல ஆண்டுகள் சேர்ந்து உழைத்தும் ஒருவர் வீட்டில் மற்றவர் உணவருந்தாத நிலையையும் எடுத்துக் கூறினார். மிஷனெரிகளின் ஈகத்தை அவர் மறுக்கவில்லை. இந்தியத் திருச்சபை அவர்களிடம் இன்னும் பெறாதது நட்பு என்பதே அவ்வுரையின் சாரம். மண்டபத்தில் சிலர் சினம் கொண்டனர்; சிலர் கைதட்டினர். அம்மாநாட்டின் உரைகளுள் இன்றளவும் மிகுதியாக நினைவுகூரப்படுவது இதுவே.

பேராயராதல்

சென்னைப் பேராயர் ஹென்றி வைட்ஹெட், இந்தியர் ஒருவரைப் பேராயராக்க வேண்டும் என்று பல ஆண்டுகள் முயன்றார். எதிர்ப்பு பல முனைகளிலிருந்து வந்தது. ஆங்கிலேய மிஷனெரிகள் பலர் இந்தியர் ஒருவரின் கீழ்ப் பணியாற்றத் தயங்கினர். இந்தியக் கிறித்தவர்கள் சிலரும் இதை விரும்பவில்லை. அசரியாவின் சாதியும் அவர்களுக்கு ஒரு காரணமாக இருந்தது. இறுதியில், ஆங்கிலேயர் மிகுதியாக இல்லாத, வறிய தோர்ணக்கல் பகுதியே புதிய பேராயமாக வகுக்கப்பட்டது. அது நிசாமின் நாட்டில் இருந்தமையால் சட்டச் சிக்கல்களும் குறைவு. 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தா புனித பவுல் பேராலயத்தில் அசரியா பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அப்போது அவருக்கு அகவை 38.

1920களின் தொடக்கத்தில் கிருஷ்ணா, கோதாவரிப் பகுதிகளின் ஆங்கிலிக்கன் சபைகளும் தோர்ணக்கலுடன் இணைக்கப்பட்டன. சிறிய பேராயமாகத் தொடங்கிய அது, அசரியா இறந்த காலத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களைக் கொண்டிருந்தது. 1935 இல் ஏ. பி. எலியட் என்ற ஆங்கிலேயர் இவருக்கு உதவிப் பேராயராக அமர்த்தப்பட்டார். இருபதாண்டுகளுக்கு முன் பலரும் இயலாது என்று கருதிய ஏற்பாடு அது.

ஆயினும் அசரியா வாழ்ந்த காலம் வரை, ஆங்கிலிக்கன் பேராயம் ஒன்றின் முழுப் பொறுப்பு வேறு எந்த இந்தியருக்கும் அளிக்கப்படவில்லை. அவருடைய வெற்றியைச் சுட்டிக்காட்டிப் பெருமை கொண்டவர்களே அவ்வெற்றியை மற்றோர் இடத்தில் செய்து பார்க்க முன்வரவில்லை.

பணிமுறை

ஆண்டின் பெரும்பகுதியை அசரியா மாட்டுவண்டிப் பயணங்களில் கழித்தார். திருச்சபையின் முதற்கடமை நற்செய்தி அறிவித்தல் என்பதும், அது ஊதியம் பெறும் ஊழியரின் தொழிலன்று, திருமுழுக்குப் பெற்ற ஒவ்வொருவரின் கடமை என்பதும் அவருடைய அடிப்படைக் கருத்துகள். திருமுழுக்குப் பெற்றவர்கள் தம் தலைமேல் கைவைத்து அக்கடமையை ஏற்பதாக உறுதிகூறும் வழக்கத்தை ஏற்படுத்தினார். ஆண்டுதோறும் சாட்சி வாரம் நடத்தப்பட்டது. அதில் எழுத்தறியாத கூலித் தொழிலாளரும் அண்டை ஊர்களுக்குச் சென்று பேசினர்.

கிறித்தவரானவர்களுள் பெரும்பாலோர் மாலா, மாதிகா ஆகிய ஒடுக்கப்பட்ட சமூகத்தினர். அழுக்கு, நோய், கடன், குடி ஆகிய நான்கையும் சிற்றூர்களைப் பிடித்த பேய்கள் என அசரியா கருதினார். பள்ளிகள், மருத்துவ நிலையங்கள், கூட்டுறவுச் சங்கங்கள், அச்சகம் ஆகியவை இவற்றுக்கு எதிராக எழுந்தன. மாலாக்களுக்கும் மாதிகாக்களுக்கும் இடையிலான பகை கோயிலுக்குள்ளும் தொடர்ந்தது. இருவரையும் ஒரே பந்தியில் அமரச் செய்வது அவருக்கு நெடுங்காலப் போராட்டமாக இருந்தது. முழு வெற்றி கிட்டியதென்று கூறுவதற்கில்லை.

குருமாரைத் தெரிந்தெடுப்பதில் பல்கலைக்கழகப் பட்டத்தை அவர் பெரிதாகக் கொள்ளவில்லை. சிற்றூர் ஆசிரியர்களாக இருந்து மக்களை அறிந்தவர்களைத் தோர்ணக்கல் இறையியல் பள்ளியில் பயிற்றுவித்தார். அவர்களுடைய மனைவியருக்கும் பயிற்சி அளிக்கப்பட்டது. வெளிநாட்டுப் பணத்தை நம்பியிருக்கும் சபை தன் முடிவுகளைத் தானே எடுக்க முடியாது என்பதால், ஏழைகளும் காணிக்கை கொடுக்கப் பழக வேண்டும் என்று வலியுறுத்தினார். பெண்கள் ஒவ்வொரு வேளை சமைக்கும்போதும் எடுத்து வைத்த பிடியரிசி அவ்வாறு சபையின் வருவாயாயிற்று. கிறித்தவக் கொடை பற்றி இவர் எழுதிய நூல் பிற நாடுகளிலும் பரவியது. வைட்ஹெட்டுடன் இணைந்து இந்தியச் சிற்றூர்களில் கிறித்தவம் பற்றி எழுதிய நூல் 1930 இல் வெளிவந்தது.

தோர்ணக்கல் பேராலயம்

தோர்ணக்கல்லின் திருக்காட்சிப் பேராலயத்தைக் கட்டி முடிக்க ஏறத்தாழ 25 ஆண்டுகள் ஆயின; 1939 ஜனவரி 6 அன்று அது அர்ப்பணிக்கப்பட்டது. மசூதிகளை ஒத்த குவிமாடங்களும், தென்னிந்தியக் கோயில்களை நினைவூட்டும் தாமரை செதுக்கிய தூண்களும் அதில் உள்ளன. ஆயினும், ஆங்கிலிக்கன் வழிபாட்டு நூலின் ஒழுங்கை அசரியா எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. இந்தியத் தன்மை என்று எதைக் கொள்வது என்பதில் அக்கால இந்தியக் கிறித்தவச் சிந்தனையாளர் பலரிலிருந்து இவர் வேறுபட்டார்.

அரசியலும் விமர்சனங்களும்

கிறித்தவர்களுக்குத் தனித் தொகுதிகள் வழங்கப்படுவதை அசரியா எதிர்த்தார். அது திருச்சபையை உரிமை கேட்கும் ஒரு வகுப்பாகச் சுருக்கி, அதன் பணியைக் கெடுக்கும் என்பது அவர் வாதம். மறுபுறம், 1930களில் ஆந்திரப் பகுதியின் கூட்டு மதமாற்றங்களை மகாத்மா காந்தி கடுமையாக விமர்சித்தார். ஏழைகள் சமய உணர்வின்றி மாற்றப்படுகின்றனர் என்ற கருத்தை அசரியா ஏற்கவில்லை. ஒடுக்கப்பட்டவர்களுக்குத் தம் சமயத்தைத் தாமே தெரிந்துகொள்ளும் அறிவு உண்டு என்று வாதிட்டார். தேசியவாதிகளுக்கு மிஷனெரிகளின் ஆளாகவும், மிஷனெரிகள் சிலருக்குத் தேசியவாதியாகவும் ஒரே காலத்தில் தோன்றியவர் இவர்.

திருச்சபை ஒன்றிப்பு

1919 மே 1, 2 ஆகிய நாள்களில் தரங்கம்பாடியில் ஆங்கிலிக்கன் சபையினரும் தென்னிந்திய ஐக்கிய சபையினருமாக 33 பேர் கூடினர். அவர்களுள் இருவர் தவிர ஏனையோர் இந்தியர். அசரியா தலைமை வகித்தார். 1706 இல் சீகன்பால்க் வந்திறங்கிய ஊரிலேயே சபைகளின் இணைப்புக்கான அறிக்கை வெளியிடப்பட்டது. மேலைநாட்டில் தோன்றிய பிரிவுகள் இந்தியச் சிற்றூர்களில் பொருளற்றவை என்பதும், பிரிந்து நிற்கும் சபையின் நற்செய்தியை ஒருவரும் நம்பார் என்பதும் அசரியாவின் உறுதியான கருத்து. 1929 முதல் தேசியக் கிறித்தவ மன்றத்தின் தலைவராக இருந்தார். 1938 டிசம்பரில் தாம்பரத்தில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டிலும் ஒன்றிப்பையே வற்புறுத்தினார். பேச்சுவார்த்தைகளோ, குறிப்பாகப் பேராயர் பதவி பற்றிய கருத்து வேறுபாடுகளால், ஆண்டுக்கணக்கில் இழுபட்டன.

மறைவு

சுற்றுப்பயணத்தின்போது காய்ச்சலுற்ற அசரியா, 1945 ஜனவரி 1 அன்று தோர்ணக்கல்லில் காலமானார். பேராலயத்தின் அருகில் அடக்கம் செய்யப்பட்டார். அவருக்குப் பின் எலியட் பேராயரானார். இரண்டாண்டுகளும் சில மாதங்களும் கழிந்தபின், 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை தொடங்கப்பட்டது. தோர்ணக்கல் பேராயமும் அதில் இணைந்தது. ஆங்கிலிக்கன் சபைகள் சில, ஜனவரி 2 ஆம் நாளை இவருடைய நினைவு நாளாகக் கொண்டாடுகின்றன.