தி.நகரில் அந்த ‘தி’ யார்?

ஆக்லாந்தின் மேற்குப் பக்கம், மாசி என்ற பகுதியில் வசிக்கிறேன். இங்கிருந்து விடுமுறைக்குச் சென்னை போகிற தமிழ்க் குடும்பம் எதுவாக இருந்தாலும், ஒரு முழு நாள் தி.நகருக்கு என்று ஒதுக்கிவிடும். பட்டுப்புடவை, பாத்திரம், வளையல், பிள்ளைகளுக்குப் பாவாடை சட்டை. இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கும் பாண்டி பஜாரும் ரங்கநாதன் தெருவும் தெரியும். ஆனால் அந்த ‘தி’ யாருடைய பெயர் என்று கேட்டால் பெரியவர்களே கொஞ்சம் யோசிப்பார்கள். சிலர் திருவையாற்றுத் தியாகராஜர் என்றுகூடச் சொல்வார்கள்.

அவர் சர் பிட்டி தியாகராய செட்டியார். பள்ளிப் புத்தகம் அவரை நீதிக்கட்சித் தலைவர் என்ற ஒரே வரியில் முடித்துவிடும். எனக்கு அவருடைய வாழ்க்கையில் முக்கியமாகப் படுவது வேறு. சுமார் நாற்பது வருஷம் அவர் ஒரு மாநகராட்சி உறுப்பினராக இருந்தார். சாக்கடை, தெருவிளக்கு, சந்தை, பள்ளிக்கூடம், வரி என்று யாரும் கைதட்டாத வேலைகள். சிறு தொழில் செய்கிறவனுக்கு வாழ்வும் சாவும் அந்த வேலைகளில்தான் இருக்கிறது.

தறிச் சத்தத்தில் வளர்ந்தவர்

1852ஆம் ஆண்டு ஏப்ரல் 27 அன்று வடசென்னையின் கொருக்குப்பேட்டையில் பிறந்தார். தெலுங்கு பேசும் தேவாங்கர் குடும்பம். நெசவு இவர்களுக்குக் குலத்தொழில். குடும்பத்தில் பணம் இருந்தது, ஆனால் அது தறியிலும் தோல் பதனிடுவதிலும் உழைத்துச் சேர்த்த பணம். மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். அந்தக் காலத்தில் பி.ஏ. படித்தவர்கள் போவது பெரும்பாலும் வக்கீல் தொழிலுக்கோ அரசு வேலைக்கோதான். இவர் குடும்பத் தொழிலுக்கே திரும்பினார்.

அவர் திரும்பிய நேரம் கைத்தறிக்குக் கெட்ட காலம். லங்காஷையர் ஆலைத்துணி கப்பல் கப்பலாக வந்து இறங்கிக்கொண்டிருந்தது. நெசவாளர்கள் தறியை விட்டுவிட்டுக் கூலி வேலைக்குப் போனார்கள். தியாகராயர் வண்ணாரப்பேட்டையில் பிட்டி நெசவாலையை நடத்தினார். சுமார் நூறு தறிகள். கையால் நாடாவைத் தள்ளுவதற்குப் பதிலாக, கயிற்றைச் சுண்டினால் நாடா தானாகப் பாயும் தறிகளைப் பயன்படுத்தினார். ஒரே ஆள் ஒரே நாளில் கூடுதல் துணி நெய்ய முடிந்தது. பழைய தொழிலைக் காப்பாற்ற வேண்டுமானால் அழுதுகொண்டிருக்காமல் கருவியை மாற்ற வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

ஊர் நிர்வாகத்துக்கும் நெசவுக்கும் சென்னையில் ரொம்பப் பழைய உறவு. 1734இல் கவர்னர் மார்ட்டன் பிட் நெசவாளர்களைக் குடியமர்த்தியதால் உருவானதுதான் சிந்தாதிரிப்பேட்டை. சின்னத் தறிப் பேட்டை என்பதே அப்படி மருவியதாகச் சொல்வார்கள். கம்பெனிக்காரர்கள் செய்தது கருணையால் அல்ல, துணி வேண்டும் என்பதால். ஆனாலும் இடம் கொடுத்தால் தொழில் வரும் என்ற பாடம் அதில் இருந்தது.

நாற்பது வருஷ நாற்காலி

1882இல் தியாகராயர் சென்னை மாநகராட்சிக்குள் நுழைந்தார். அப்போது அதன் தலைவர் பதவியில் அரசு அமர்த்திய அதிகாரிகள்தான் இருந்தார்கள். இந்தியர்கள் பேசலாம், முடிவு எடுப்பது கஷ்டம். அந்த ஆண்டுகளில் நடந்த ஒரு நல்ல காரியம் மூர் மார்க்கெட். பிராட்வே பக்கம் நெரிசலில் வியாபாரம் செய்தவர்களுக்காக மாநகராட்சியே கட்டி 1900இல் திறந்த சந்தை அது. 1985இல் தீயில் போகும்வரை பழைய புத்தகக்காரர்கள் முதல் பறவை விற்பவர்கள் வரை எத்தனையோ குடும்பங்களுக்கு அது சோறு போட்டது.

வெளியிலும் அவர் சும்மா இருக்கவில்லை. ஐரோப்பிய வணிகர்களுக்கு 1836 முதல் சென்னையில் ஒரு வர்த்தக சபை இருந்தது. இந்திய வணிகர்களின் குரலுக்கு அங்கே மதிப்பில்லை. 1909இல் தென்னிந்திய வர்த்தக சபை உருவானபோது அதை நிறுவியவர்களில் தியாகராயரும் ஒருவர். பிறகு பல ஆண்டுகள் அதன் தலைவராகவும் இருந்தார்.

அரசியல் கதை பலருக்குத் தெரிந்ததுதான். மாநகராட்சியில் அவரோடு மோதிக்கொண்டிருந்தவர் டாக்டர் டி.எம்.நாயர். இருவரையும் ஒரே மேடைக்குக் கொண்டுவந்தவர் டாக்டர் சி.நடேச முதலியார். 1916 நவம்பரில் தென்னிந்திய நல உரிமைச் சங்கம் பிறந்தது. அதுதான் நீதிக்கட்சி. 1920 தேர்தலில் அந்தக் கட்சி ஜெயித்ததும், கவர்னர் வில்லிங்டன் ஆட்சி அமைக்க அழைத்தது தியாகராயரைத்தான். அவர் மறுத்துவிட்டார். சுப்பராயலு ரெட்டியார் முதல் அமைச்சரானார்.

வேண்டாம் என்று சொன்னவர் எங்கே இருந்தார்? மாநகராட்சியில். 1919இல் வந்த புதிய நகராட்சிச் சட்டப்படி, உறுப்பினர்களே தங்கள் தலைவரைத் தேர்ந்தெடுக்க முடிந்தது. அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்ட, அரசு அதிகாரி அல்லாத முதல் தலைவர் தியாகராயர். மாகாண நாற்காலியை விட்டுவிட்டு ஊர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டவர் என்று அவரைச் சொல்லலாம். 1922இல் வேல்ஸ் இளவரசர் சென்னை வந்தபோது, மாநகராட்சித் தலைவராக வழக்கமான வெள்ளை உடையிலேயே வரவேற்றார். வெள்ளுடை வேந்தர் என்ற பட்டம் இன்றும் நிற்கிறது.

ஓர் அணாச் சிற்றுண்டி

அவர் தலைமையில் 1920இல் மாநகராட்சி ஒரு தீர்மானம் போட்டது. ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மிகாத செலவு. பசியோடு பிள்ளைகள் பள்ளிக்கு வர மாட்டார்கள் என்ற எளிய கணக்கு அது. திட்டம் இன்னும் நான்கு பள்ளிகளுக்குப் பரவியது. பிள்ளைகள் எண்ணிக்கையும் கூடியது. தொடக்கக் கல்விப் பணத்தை இதற்குச் செலவழிக்கக் கூடாது என்று அரசு சொன்னதால் 1925 ஏப்ரலில் நின்றுபோனது.

நின்றது திட்டம்தான், யோசனை நிற்கவில்லை. காமராஜர், எம்.ஜி.ஆர்., 2022இல் வந்த காலை உணவுத் திட்டம் எல்லாம் அந்தத் தடத்தில்தான் வந்தன. நியூசிலாந்தில் அரசு பள்ளி மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கியது 2020இல். சரியாக நூறு வருஷம் கழித்து.

இதற்கும் சிறு தொழிலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். தள்ளுவண்டிக்காரரின் பிள்ளை மதியம் சாப்பிட்டுவிட்டுப் பள்ளியில் இருந்தால், அம்மா அப்பா இருவரும் நிம்மதியாகத் தொழிலைப் பார்க்கலாம். கடன் கொடுப்பது மட்டும் பொருளாதார உதவி ஆகாது.

கறையும் உண்டு

அவரைத் தெய்வமாக்க வேண்டிய அவசியம் இல்லை. 1921இல் பக்கிங்காம் கர்நாடிக் ஆலைகளில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. ஆதி திராவிடத் தொழிலாளர்கள் பெருமளவு அதில் சேரவில்லை. புளியந்தோப்பில் கலவரம், துப்பாக்கிச் சூடு, உயிர்ப்பலி. அந்த நேரத்தில் தியாகராயர் உட்பட நீதிக்கட்சித் தலைவர்கள், அரசு ஆதி திராவிடர்களுக்கு அளவுக்கு மீறி இடம் கொடுக்கிறது என்ற பக்கமே நின்றார்கள். ஒடுக்கப்பட்டவர்களின் தலைவர் எம்.சி.ராஜா 1923இல் கட்சியை விட்டே வெளியேறினார். சமூக நீதி பேசிய கட்சி, தனக்குக் கீழே இருந்தவனைக் கைவிட்ட கதை அது. தொழில் வளர்ச்சி என்று பேசும்போது, யாருடைய தொழில், யாருடைய வளர்ச்சி என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

1925இல் தியாகராயர் மறைந்தார். அதே காலத்தில் மாம்பலத்தில் பழைய ஏரிப் பரப்பை ஒட்டி ஒரு புது நகர் எழுந்துகொண்டிருந்தது. 1920ஆம் ஆண்டு நகரமைப்புச் சட்டத்தின் பிள்ளை அது. தி.நகரை அவர் தனியாகக் கட்டவில்லை; அவர் பெயரை அதற்கு வைத்தார்கள். உஸ்மான் சாலை, பனகல் பூங்கா, நடேசன் பூங்கா என்று சுற்றிலும் அவருடைய சகாக்கள். பாண்டி பஜார் இருக்கும் சாலைக்கே தியாகராயர் சாலை என்றுதான் பெயர். குடியிருப்புக்காகப் போட்ட வட்டாரம் கடை வீதியாக மாறியது. நடைபாதை வியாபாரிகளை வளாகத்துக்குள் மாற்றுவது, 2019இல் திறந்த நடைபாதை வளாகம், வண்டி நிறுத்த இடம் என்று இன்றுவரை அங்கே மாநகராட்சிக்கும் கடைக்காரருக்கும் இழுபறி ஓயவில்லை.

மாசியிலிருந்து பார்த்தால்

நான் வசிக்கும் மாசியும் ஒரு தலைவரின் பெயர்தான். வில்லியம் மாசி, 1912 முதல் நியூசிலாந்துப் பிரதமர். அவரும் 1925இல்தான் இறந்தார். அவர் ஆட்சியில் 1920இல் வந்த குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம், பிரிட்டிஷ் குடிமக்களாக இருந்த இந்தியர்களுக்கே கதவைச் சாத்தியது. இன்றைக்கு அந்தப் பெயர் கொண்ட பகுதியில் நம்மவங்க குடும்பத்தோடு வாழ்கிறோம். வரலாறு சில நேரம் இப்படித்தான் திரும்பும்.

இங்கே கவுன்சில் சிறு தொழிலுக்குச் செய்வது கொஞ்சமல்ல. ஒரு பகுதியின் வணிகர்கள் வாக்களித்து ஒப்புக்கொண்டால், அங்குள்ள வணிகச் சொத்துகளின் மேல் ஆக்லாந்து கவுன்சில் தனி வரி வசூலித்து, அந்தப் பணத்தை வணிகர் சங்கத்திடமே கொடுக்கிறது. பாதுகாப்பு, சுத்தம், விளம்பரம், தெருவிழா எல்லாவற்றையும் அவர்களே முடிவு செய்யலாம். நகர மையத்தில் ரயில் சுரங்கப்பாதை தோண்டியதால் கடைகள் படுத்தபோது, அரசும் கவுன்சிலும் சேர்ந்து 2021இல் 1.2 கோடி டாலர் உதவி நிதி ஒதுக்கின. அதுவும் கடைக்காரர்கள் விடாமல் சத்தம் போட்ட பிறகுதான் வந்தது.

ஆனால் நாம் சத்தம் போடுகிறோமா? சாப்பாட்டுக் கடை, மளிகைக் கடை, வீட்டுச் சமையல் என்று நம்மவர்கள் எவ்வளவோ தொழில் செய்கிறார்கள். கவுன்சில் என்றால் குப்பைத் தொட்டியும் வரிக் கடிதமும் என்றுதான் நினைக்கிறோம். 2022 ஆக்லாந்து உள்ளாட்சித் தேர்தலில் வாக்களித்தவர்கள் சுமார் 35 சதவீதம். அதில் நம் பங்கு இன்னும் குறைவாக இருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். தமிழ்நாட்டு அரசியலை ராத்திரி ரெண்டு மணி வரை விவாதிப்போம். ஹெண்டர்சன்-மாசி உள்ளூர் வாரியத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் தெரியாது.

1920இல் சென்னை மாகாணத்தில் சுமார் 4 கோடி மக்களில் 12 லட்சம் பேருக்குத்தான் சட்டமன்ற வாக்குரிமை. சொத்தும் வரியும் இருந்தால்தான் ஓட்டு. இங்கே நமக்குக் குடியுரிமைகூடத் தேவையில்லை. வசிப்புரிமை விசாவும் ஒரு வருஷம் தொடர்ந்து இங்கே இருந்த கணக்கும் போதும், பதிவு செய்துகொண்டு வாக்களிக்கலாம். உள்ளூர் வாரியக் கூட்டத்தில் போய்ப் பேசலாம். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை போடும் திட்டத்துக்குக் கருத்து எழுதலாம்.

முதலமைச்சர் பதவியைவிட ஊராட்சி நாற்காலி பெரிது என்று நினைத்த ஒரு நெசவுக்காரரின் பெயரில் நாம் புடவை வாங்குகிறோம். அடுத்த தேர்தல் வாக்குச்சீட்டு உறை உங்கள் தபால் பெட்டிக்கு வரும்போது, விளம்பரத் தாளோடு சேர்த்து அதை மறுசுழற்சித் தொட்டியில் போட்டுடாதீங்க.