மீண்டும் மீண்டும் கேட்க வைத்த மஞ்ஞப்பரா ராமநாதன்

பாலக்காட்டு மண் கர்நாடக சங்கீதத்துக்குக் கொடுத்த வித்வான்கள் பலர். கோட்டாயி தந்த செம்பை வைத்தியநாத பாகவதரின் வெண்கலக் குரல், சங்கீதம் தெரியாதவரையும் முதல் கேள்வியிலேயே கட்டி இழுத்துவிடும். அதே மண்ணில் பிறந்த எம்.டி. ராமநாதனின் பாட்டோ வேறு ரகம். முதல் தடவை கேட்டுப் பொறுமை இழந்தவர்கள் உண்டு. மறுபடி வந்து கேட்டவர்களோ கடைசி வரை அவரை விட்டு விலகவில்லை.

1923-ம் ஆண்டு மே 20-ந் தேதி மஞ்ஞப்பரா கிராமத்தில் ராமநாதன் பிறந்தார். பெயருக்கு முன்னால் உள்ள இரண்டு எழுத்துக்களில் ஒன்று பிறந்த ஊர். மற்றொன்று தந்தை தேவேச பாகவதர். தந்தையே சங்கீத ஆசிரியர் என்பதால் பாடம் வீட்டிலேயே தொடங்கியது. பாலக்காடு விக்டோரியா கல்லூரியில் பௌதிகம் படித்து பி.எஸ்ஸி. பட்டமும் பெற்றார். அந்தக் காலத்தில் பட்டதாரிக்கு நல்ல உத்தியோகம் கிடைப்பது கடினமல்ல. ஆனால் அவர் சங்கீதத்தை நம்பிச் சென்னைக்கு ரயிலேறினார்.

குருவின் நிழலில்

ருக்மிணி தேவி 1936-ல் தொடங்கிய கலாக்ஷேத்ராவில் டைகர் வரதாச்சாரியார் அவருக்குக் குருவாக வாய்த்தார். டைகரின் குரல் இனிமைக்குப் பெயர் போனதல்ல. ஆனால் ராகத்தின் ஆழத்தை அவர் காட்டியதுபோல் காட்டியவர்கள் சிலரே. அந்தக் கரடுமுரடான குரலுக்குள் இருந்த பொக்கிஷத்தை, நாள்தோறும் கூடவே இருந்து கேட்டுக் கேட்டே சீடர் கண்டுகொண்டார். பின்னாளில் தம் ரசிகர்களிடம் அவர் எதிர்பார்த்த பொறுமையை, முதலில் தாமே பழகியவர் அவர். 1950-ல் குரு மறைந்த பிறகும் அவர் கலாக்ஷேத்ராவிலேயே தங்கிப் பேராசிரியராகப் பணியாற்றினார்.

எது கடினம்?

ராமநாதனின் குரல் கனத்த, தாழ்ந்த குரல். மந்த்ர ஸ்தாயியில் நெடுநேரம் சஞ்சரிப்பார். பாடுவது பெரும்பாலும் விளம்ப காலம். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே நீண்ட மௌனம். மின்னல் வேக ஸ்வரங்களுக்குக் கைதட்டிப் பழகிய சபைக்கு, இது நகராத தேர்போலத் தோன்றியதில் வியப்பில்லை.

ஆனால் ராகத்தின் உயிர் கமகத்தில் இருக்கிறது. ஸ்வரம் ஓரிடத்தில் நிற்காமல் அசைந்து, வழுக்கி, அடுத்த ஸ்வரத்தைத் தொடும் விதமே கமகம். வேகமாகப் பாடும்போது அந்த வழி கண்ணில் படாது. மெள்ளப் பாடும்போது அதன் ஒவ்வொரு வளைவும் தெரியும். சஹானா ராகத்தில் தியாகராஜரின் 'கிரிபை' கீர்த்தனையை அவர் பாடிய ஒலிப்பதிவை முதல் நாள் கேட்பவருக்குக் குரலின் கனம் மட்டுமே தெரியலாம். இன்னும் சில முறை கேட்டால் தாளத்தின் நடை பிடிபடும். அதன் பின் ஒரு நாள், அந்த மௌனமும் பாட்டின் பகுதிதான் என்பது தானாகவே விளங்கும். இதற்கு இலக்கணம் படிக்க வேண்டியதில்லை. காது பழகினால் போதும்.

வளைந்து கொடுக்காதவர்

கூட்டத்துக்காக அவர் காலப் பிரமாணத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அதற்கு விலையும் கொடுத்தார். 1974-ல் மத்திய அரசு பத்மஸ்ரீ வழங்கியது. ஆனால் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது கடைசி வரை அவருக்கு வரவில்லை. குருவின் நினைவாக 'வரததாஸ' என்ற முத்திரையுடன் சுமார் 300 கீர்த்தனைகளை இயற்றினார். 1984 ஏப்ரல் 27-ந் தேதி, அறுபத்தொன்றாம் பிறந்த நாளுக்குச் சில வாரங்களே இருக்கையில் காலமானார்.

அவர் மறைந்த பிறகு ரசிகர் கூட்டம் குறையவில்லை; வளர்ந்தது. மலையாளக் கவிஞர் சச்சிதானந்தன் அவர் பாட்டைப் பற்றியே ஒரு கவிதை எழுதினார். கச்சேரியில் எழுந்து போனவர் திரும்பி வருவது அரிது. ஒலிநாடாவை எத்தனை முறை வேண்டுமானாலும் திருப்பிப் போடலாம். பாலக்காட்டில் வேலை முடிந்து அறைக்குத் திரும்பும் குமாஸ்தாவும், மூணாறு மலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வரும் தொழிலாளியும் இன்று செலவில்லாமல் அவர் பாட்டைக் கேட்கலாம். ஒரே ஒரு கீர்த்தனையை எடுத்துக்கொண்டு ஒரு வாரம் இரவுதோறும் கேட்டால், மஞ்ஞப்பரா ராமநாதன் யார் என்பது விளங்கிவிடும்.