ஒரே நாளில் 40 பஞ்சர்... சொந்த சைக்கிளுடன் கப்பலேறி தூத்துக்குடி வந்த அமெரிக்கப் பெண்: யார் இந்த ஃபேனி வொர்க்மன்?

காஞ்சிபுரத்துக்குக் கோயில் பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்கள் வாடகை சைக்கிள் எடுத்துச் சுற்றுவது ஊருக்குப் புதுசு இல்லை. கைலாசநாதர் கோயில் ஒரு கோடி, வரதராஜப் பெருமாள் கோயில் இன்னொரு கோடி. நடுவில் பட்டுக்கடை, நெசவாளர் தெரு. சைக்கிள்தான் வசதி.

ஆனால் ஒரு நாள், இரண்டு நாள் இல்லை, மாதக்கணக்கில் வெளிநாட்டில் சைக்கிள் மிதிக்கப் போகிறவருக்கு வேறு கவலை இருக்கிறது. சொந்த சைக்கிளைக் கையோடு கொண்டு போவதா, போன இடத்தில் ஒன்றை வாங்கிக்கொள்வதா? 125 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்ட ஒரு பயணத்தில் இதற்கு ஒரு பதில் இருக்கிறது. கோயில்களைப் பார்க்கத்தான் அந்தப் பெண்மணியும் இங்கே வந்தார். பெயர் ஃபேனி புல்லக் வொர்க்மன்.

யார் இவர்?

1859 ஜனவரி 8-ஆம் தேதி அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணம், வூஸ்டர் நகரில் பிறந்தவர். பெரிய பணக்காரக் குடும்பம். அப்பா அலெக்சாண்டர் புல்லக் அந்த மாகாணத்தின் ஆளுநராகவே இருந்தவர். 1882-ல் டாக்டர் வில்லியம் ஹண்டர் வொர்க்மனுடன் திருமணம். கணவர் 12 வயது மூத்தவர். மகள் ரேச்சல், மகன் சீக்ஃபிரீட் என இரண்டு பிள்ளைகள்.

கணவருக்கு உடம்பு சரியில்லாமல் போக, மருத்துவத் தொழிலை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு ஜெர்மனிக்குக் குடிபெயர்ந்தார்கள். அங்கே 1893-ல் சின்னப் பையன் சீக்ஃபிரீட் நோயில் இறந்துபோனான். அதற்குப் பிறகு ஃபேனி வீட்டில் உட்காரவே இல்லை என்று சொல்லலாம். மகளை விடுதிப் பள்ளியில் விட்டுவிட்டு, கணவரும் மனைவியும் ஆளுக்கொரு சைக்கிளில் கிளம்பிவிட்டார்கள். பிரான்ஸ், இத்தாலி, அல்ஜீரியா எனப் பயணம் நீண்டது. 1895-ல் ஸ்பெயினில் மட்டும் சுமார் 4,500 கிலோமீட்டர்.

தாயாக இருந்துகொண்டு இப்படிப் போகலாமா என்ற கேள்வி அன்றைக்கும் இருந்தது, இன்றைக்கும் இருக்கும். அதே கேள்வி கூடவே போன அப்பாவிடம் கேட்கப்படவில்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். மகள் ரேச்சல் பின்னாளில் நிலவியல் படித்து அந்தத் துறையில் பெயர் எடுத்தார்.

தூத்துக்குடியில் இறங்கிய சைக்கிள்கள்

1897 நவம்பரில் தொடங்கியது பெரிய பயணம். முதலில் இலங்கை. அங்கிருந்து கப்பலில் தூத்துக்குடி. பிறகு மதுரை, திருச்சி, தஞ்சாவூர் என்று கோயில் கோயிலாக வடக்கே மிதித்தார்கள். தென்கோடியிலிருந்து இமயமலை வரை சுமார் 6,400 கிலோமீட்டர். இடையில் பர்மா, ஜாவா தீவு. எல்லாம் சேர்த்து 14,000 மைல், அதாவது சுமார் 22,500 கிலோமீட்டர் என்று 1904-ல் வெளிவந்த தங்கள் பயண நூலின் அட்டையிலேயே கணக்குப் போட்டிருக்கிறார்கள். மகாபாரதம், ராமாயணம், புத்த ஜாதகக் கதைகள் என்று படித்துத் தயாரான பயணம் இது.

ஏன் சொந்த சைக்கிள்?

ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். காற்றடைத்த டயரை டன்லப் சைக்கிளில் மாட்டியதே 1888-ல்தான். பத்தே வருஷம்கூட ஆகாத சரக்கு. இந்தியாவில் சைக்கிள் என்பது வெள்ளைக்கார துரைகள் இறக்குமதி செய்து ஓட்டிய அபூர்வப் பொருள். சென்னை அம்பத்தூரில் டிஐ சைக்கிள்ஸ் நிறுவனம் உருவாக இன்னும் அரை நூற்றாண்டு இருந்தது. அது தொடங்கப்பட்ட ஆண்டு 1949. ஆக, தூத்துக்குடியில் இறங்கி ஒரு சைக்கிள் வாங்கிக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

அதைவிட முக்கியம், ரிப்பேர். நம்ம ஊர் ரோட்டில் முள்ளுக்குப் பஞ்சமா? சில நாட்களில் 40 பஞ்சர் வரை ஆகியிருக்கிறது. நாற்பது! ஒவ்வொன்றுக்கும் டியூபைக் கழற்றி, ஓட்டையைத் தேடி, ஒட்டி, காற்றடித்து மறுபடி ஏற வேண்டும். பஞ்சர் கடை கிடையாது. தங்கள் வண்டியின் ஒவ்வொரு திருகையும் அறிந்தவர்களால்தான் இது முடியும்.

சைக்கிளில் அவர்கள் ஏற்றிய சாமானும் ரொம்பக் குறைச்சல். டீத்தூள், சர்க்கரை, பிஸ்கட், பாலாடைக்கட்டி, டின் இறைச்சி, தண்ணீர், தலையணை, ஆளுக்கொரு போர்வை, எழுதுபொருட்கள், மருந்துப்பெட்டி, ரிப்பேர் பெட்டி. ஃபேனியின் ஹேண்டில்பாரில் ஒரு தகரக் கெட்டில் தொங்கும். இரவுத் தங்கல் அரசாங்கப் பயணியர் விடுதியிலோ ரயில் நிலையக் காத்திருப்பு அறையிலோ. கொசு, எலியோடு கழித்த இரவுகளும் உண்டு.

மாற்றிப் பார்த்த இன்னொரு பெண்

அதே காலத்தில் சைக்கிளோடு உலகம் சுற்றக் கிளம்பிய ஆனி லண்டன்டெரியின் கதை நேர் எதிர். 1894 ஜூனில் அமெரிக்காவின் பாஸ்டனில் கிளம்பும்போது அவரிடம் இருந்தது சுமார் 19 கிலோ எடையுள்ள பெண்கள் சைக்கிள். சிகாகோ போய்ச் சேருவதற்குள் அது சரிப்படாது என்று புரிந்துவிட்டது. அங்கே அதில் பாதி எடையுள்ள ஆண்கள் சைக்கிளுக்கு மாறினார். பிறகு பிரான்ஸில் இறங்கியதும் சுங்க அதிகாரிகள் அந்த சைக்கிளையே பிடித்து வைத்துக்கொண்டார்கள். கொழும்பு வழியாகவும் போனவர்தான், ஆனால் ஆசியாவில் பெரும்பகுதி கப்பல் பயணம். வண்டி நமக்குப் பொருந்துகிறதா என்பதை ஊரிலேயே நீண்ட தூரம் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். ஃபேனி அதை ஐரோப்பாவிலும் அல்ஜீரியாவிலும் முன்பே செய்து முடித்திருந்தார்.

இன்றைக்கு நிலைமை வேறு. சென்னையிலிருந்து காஞ்சிபுரம் சுமார் 75 கிலோமீட்டர், வழி நெடுகப் பஞ்சர் கடை உண்டு. பெடலைக் கழற்றி, ஹேண்டில்பாரைத் திருப்பி, பெட்டியில் போட்டு விமானத்தில் ஏற்றிவிடலாம். ஆனால் டயர் அளவு வித்தியாசமாக இருந்தால் சின்ன ஊர்க் கடையில் டியூப் கிடைக்காது. தூர தேசப் பயணிகள் உதிரி டியூப் சுமப்பது அதனால்தான்.

மலையில் தொடங்கிய பிரச்சினை

1898 கோடையில் வெயில் தாங்காமல் இமயமலைப் பக்கம் போனதுதான் ஃபேனியின் வாழ்க்கையைத் திருப்பிப் போட்டது. கணவாய்களில் சைக்கிள் ஏறாது. கீழே விட்டுவிட்டு நடந்தார்கள். அதன் பிறகு பதினைந்து ஆண்டுக் காலம் திரும்பத் திரும்ப இமயத்துக்கும் காரகோரத்துக்குமே வந்துகொண்டிருந்தார். 1899-ல் ஏறிய ஒரு சிகரத்துக்கு, இறந்துபோன மகனின் பெயரைச் சேர்த்து சீக்ஃபிரீட்ஹார்ன் என்று பெயர் வைத்தார்.

இங்கேதான் அவருடைய இன்னொரு முகமும் தெரிகிறது. சைக்கிளில் போனவரை அவர் யாரையும் அதிகம் நம்பியிருக்கத் தேவைப்படவில்லை. மலையில் சுமை தூக்க ஏராளமான ஆட்கள் வேண்டியிருந்தது. அவர்களோடு ஓயாத தகராறு. பாதி வழியில் விட்டுவிட்டுப் போனவர்கள் உண்டு. உள்ளூர் மக்களைப் பற்றி அவரும் கணவரும் எழுதியவற்றில் அலட்சியமும் காலனிய மிதப்பும் நிறைய. பல நூற்றாண்டுக் கோயில்களை அவ்வளவு ஆசையாகப் பார்த்தவர்கள், அதே மண்ணில் எதிரே நின்ற மனிதர்களைச் சரியாகப் பார்க்கவில்லை. சாதனையைச் சொல்லும்போது இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சாதனை சின்னது இல்லை. 1906-ல், 47 வயதில், நுன் குன் மலைத்தொகுதியில் 6,930 மீட்டர் உயர பினாக்கிள் சிகரத்தில் ஏறினார். பெண்களுக்கான அந்த உயரச் சாதனையை 1934 வரை யாரும் முறியடிக்கவில்லை. இடையில் ஆனி பெக் என்ற அமெரிக்கப் பெண் தென் அமெரிக்காவில் அதைவிட உயரம் ஏறிவிட்டதாகச் சொன்னபோது, சொந்தச் செலவில் சர்வேயர்களை அனுப்பி அந்த மலையை அளக்க வைத்து, தன்னுடையதே அதிகம் என்று நிரூபித்தார். விடாக்கண்டர்!

1912-ல் சியாச்சின் பனியாற்றில், சுமார் 21,000 அடி உயரத்தில், பெண்களுக்கு வாக்குரிமை கேட்கும் பத்திரிகையைப் பிரித்துப் பிடித்தபடி ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டார். அமெரிக்கப் பெண்களுக்கு அரசியல் சட்டத் திருத்தம் வழியாக வாக்குரிமை வந்தது 1920-ல். இன்று இந்திய ராணுவம் நிற்கும் அதே சியாச்சினுக்கு ஆரம்பகால வரைபடம் தயாரித்ததில் அவர் குழுவுக்குப் பெரிய பங்கு உண்டு.

1925 ஜனவரி 22-ல், 66 வயதில், பிரான்ஸின் கான் நகரில் இறந்தார். உயிலில் அமெரிக்காவின் நான்கு பெண்கள் கல்லூரிகளுக்கு 1,25,000 டாலர் எழுதி வைத்திருந்தார்.